டி7200-ஐ மாற்றலாமா? தனுஷ்கோடி உப்புக்காற்றில் போட்ட கணக்கு

நிக்கான் டி7200 கேமரா வந்தது 2015-ல். அதே வருடம் வந்த 200-500 எம்எம் லென்ஸை மாட்டிக்கொண்டு இன்னும் அதைத்தான் தூக்கி அலைகிறேன். மண்டபம், தனுஷ்கோடி, வாலிநோக்கம், மழை நன்றாகப் பெய்த வருடம் என்றால் சித்திரங்குடி கண்மாய். பார்க்கிறவர்கள் எல்லாம் "இன்னுமா மிரர்லெஸ் (உள்ளே கண்ணாடி இல்லாத புதுவகைக் கேமரா) வாங்கல?" என்று கேட்டுத் துளைத்ததில், கீழக்கரை நண்பனின் நிக்கான் இசட்50 இரண்டாம் பதிப்பு மிரர்லெஸ்ஸை சீசன் முழுக்க அவ்வப்போது இரவல் வாங்கி, பழைய லென்ஸைப் புதியதில் மாட்ட உதவும் அடாப்டர் போட்டு என் லென்ஸிலேயே ஓட்டிப் பார்த்தேன்.

முதலில் பூநாரை. தனுஷ்கோடிப் பக்கத்து நீர்ப்பரப்பை 2025-ல் பூநாரைச் சரணாலயமாக அரசு அறிவித்தது. பறவையை நெருங்கக் கூடாது, நெருங்கினாலும் நிற்காது. ரோட்டோரத்தில் நின்று எடுத்தால் படத்தின் நடுவில் ஒரு சின்ன வெள்ளைத் தீற்றல்தான் கிடைக்கும், வெட்டிப் பெரிதாக்கியே ஆகவேண்டும். வேடிக்கை என்னவென்றால், பழையதில் 24.2 மெகாபிக்சல், புதியதில் 20.9. இந்த வேலைக்குப் புதுசு ஒரு படி கீழேதான்.

அந்த வித்தியாசத்தையும் கானல் விழுங்கிவிடுகிறது. வெயில் ஏறி மணல் சூடாகிவிட்டால் லென்ஸுக்கும் பறவைக்கும் நடுவே காற்று ஆடத் தொடங்கும். வீட்டில் வந்து பெரிதாக்கிப் பார்த்தால் பூநாரையின் கால் சேமியா மாதிரி நெளிந்து கிடக்கும். இரண்டு கேமராவிலும் ஒரே நெளிவு. விடிந்த கொஞ்ச நேரத்துக்குள் எடுத்தால் பழைய பாடியிலேயே இறகு இறகாகத் தெரிகிறது. லட்ச ரூபாய் போட்டு வாங்குவதை அலாரம் வைத்து எழுந்தாலே வாங்கிவிடலாம்.

ஆனால் தனுஷ்கோடி நிலம் முடிகிற அரிச்சல்முனையில் ஆலாப் பறவை மீனுக்குப் பாயும்போது கதையே வேறு. டி7200-ல் 51 ஃபோகஸ் புள்ளிகள், நொடிக்கு 6 படம். வானத்தில் பறக்கும்வரை சமாளிக்கும். பறவை அலைமட்டத்துக்கு இறங்கியதும் ஃபோகஸ் பின்னால் உடையும் நுரையைப் பிடித்துக்கொள்ளும். புதியதில் பறவைக்கென்றே தனி முறை இருக்கிறது. சின்னக் கட்டம் தலையில் உட்கார்ந்ததும் பாயும்வரை பெரும்பாலும் விடுவதில்லை. மெக்கானிக்கல் ஷட்டரிலேயே நொடிக்கு 11 படம். பட்டனை முழுதாக அழுத்துவதற்கு முந்தைய ஒரு நொடி வரைக்கும் சேமித்துத் தரும் வசதியும் உண்டு, ஆனால் சுருக்கிச் சேமிக்கும் ஜேபெக் படங்களில் மட்டும். அது படத்தை வரிவரியாகப் பதியும் எலக்ட்ரானிக் ஷட்டர் என்பதால் வேகமாக அடிக்கும் சிறகு சில படங்களில் சாய்ந்து தெரிகிறது. இருந்தாலும், அலகு தண்ணீரைத் தொடும் அந்தப் படம் எனக்கு முதன்முதலாக அமைந்தது இரவல் கேமராவில்தான். வெள்ளை மணல், வெள்ளைப் பறவை என்று இருக்கும்போது வெளிச்சம் தப்புவதை எடுப்பதற்கு முன்பே வியூஃபைண்டரில் பார்க்க முடிவதும் சின்ன லாபமில்லை.

இனி உப்பு. கச்சான் காற்று வீசும் மாதங்களில் கரையில் கொஞ்ச நேரம் நின்றாலே லென்ஸ் முன்கண்ணாடியில் மெல்லிய பிசுக்குப் படியும். சட்டை நுனியால் துடைத்தால் மணல் கீறும். நல்ல தண்ணீரில் நனைத்து இறுகப் பிழிந்த துணியால் பாடியை ஒற்றி எடுப்பேன், பிறகு உலர்ந்த துணி. 200-500 ஜூம் பண்ணும்போது நீள்கிற லென்ஸ். நீண்ட பகுதியைத் துடைக்காமல் உள்ளே இழுத்தால் உப்பும் சேர்ந்தே போகும். அப்புறம் சிலிக்கா ஜெல் போட்ட டப்பா. இத்தனை செய்தும் வார் மாட்டும் வளையத்தில் துரு ஏறிவிட்டது, ஃபிளாஷ் மாட்டும் இடத்தில் பச்சை பூத்திருக்கிறது. பாம்பனில் வலை பிரித்துக்கொண்டிருந்த அண்ணன் ஒருவர் அதைப் பார்த்துவிட்டு, "போட்டு எஞ்சினையே திங்கிற காத்து தம்பி, உன் பொட்டிய விடுமா?" என்றார்.

இந்தக் காற்றில் இசட்50-ல் லென்ஸ் கழற்ற எனக்குக் கை வரவில்லை. டி7200-ல் சென்சாருக்கு முன்னால் கண்ணாடியும் ஷட்டரும் மறைவாக நிற்கும். இசட்50-ல் லென்ஸைக் கழற்றினால் சென்சார் திறந்தே கிடக்கிறது. போதாததற்கு அடாப்டர் வேறு, மணல் புக இன்னொரு இணைப்பு. ஃபோகஸ் மோட்டார் உள்ளே இல்லாத என் பழைய 50 எம்எம் டி வகை லென்ஸுக்கு அந்த அடாப்டரில் ஆட்டோ ஃபோகஸும் வராது. பேட்டரி கம்பெனிக் கணக்கில் டி7200-ல் 1110 படம், இசட்50-ல் 250 பக்கம். தொடர்ச்சியாக அடித்தால் நிஜத்தில் அதைவிட அதிகமாகவே வரும், ஆனாலும் கைவசம் இரண்டு பேட்டரி இல்லாமல் அரிச்சல்முனைக்குக் கிளம்ப முடியாது.

நான் அதிகம் எடுப்பது பூநாரையும் கரையோரம் மேயும் உள்ளானும். அதனால் இப்போதைக்கு மாற்றவில்லை. ஆலா, பருந்து என்று பறப்பதையே துரத்துகிறவர் என்றால் யோசிக்காமல் மாறுங்கள், லென்ஸை மட்டும் விற்றுவிடாதீர்கள். என் ஷட்டர் ஒன்றரை லட்சம் சுற்றுக்குச் சோதித்த ரகம். அது போனால் சர்வீஸுக்குக் கொடுக்க மாட்டேன், நேரே இசட்50தான்.

செகண்ட் ஹேண்டில் டி7200 தேடுகிறவர்கள் ஷட்டர் எண்ணிக்கையை மட்டும் பார்த்து ஏமாற வேண்டாம். விற்கிறவர் கடற்கரைக்காரர் என்றால் அடிப்பக்க ஸ்க்ரூ, வார் வளையம், ஃபிளாஷ் மாட்டும் இடம் மூன்றையும் வெளிச்சத்தில் காட்டச் சொல்லுங்கள். நாளைக்கு நானே விற்க வந்தாலும் அப்படித்தான்.