டிட்டன் 66: ஒன்பது மழைக்காலத்துக்குப் பிறகு

செலஸ்டியன் டிட்டன் 66 மாதிரி, தரையில் நிற்கும் பழைய பெரிய ஸ்பீக்கர் வாங்கப்போகிறேன் என்று யாராவது வந்தால், ஆம்ப்ளிஃபயர் என்ன, அறை எவ்வளவு பெரியது என்றெல்லாம் நான் முதலில் கேட்பதில்லை. வீட்டில் தரை துடைப்பது யார் என்றுதான் கேட்பேன். இந்தப் பெட்டிகள் பெரும்பாலும் மரத்தூள் பலகையில் செய்தவை. மேலே மெல்லிசாகத் தேக்கோ வால்நட்டோ சீவி ஒட்டியிருப்பார்கள். நம் வீடுகளில் தினமும் ஈரத்துணியால் தரை துடைக்கிறோம். அந்த ஈரம் அடி விளிம்பில் கொஞ்சம் கொஞ்சமாக ஏறி, ஒரு நாள் பார்த்தால் பலகை டீயில் நனைத்த ரஸ்க் மாதிரி உப்பியிருக்கும். இங்கிலாந்தில் இதைச் செய்தவர்கள் கம்பளம் விரித்த தரையைத்தான் மனதில் வைத்திருப்பார்கள். மும்பை செம்பூரில் காலை எட்டு மணிக்கு வாளியோடு வரும் அக்காவை அவர்களுக்குத் தெரிய நியாயமில்லை.

என்னுடைய டிட்டன் 66 ஜோடி இப்போது கருங்கல் துண்டுகள் மேல் நிற்கிறது. சமையல் மேடைக்கு அறுத்த கல்லில் மிஞ்சியதைக் கேட்டு வாங்கி, இரண்டிரண்டாக அடுக்கியிருக்கிறேன். ஒன்பது வருடத்தில் இந்த ஸ்பீக்கருக்கு நான் செய்த மிக உருப்படியான காரியம் அதுதான். செலவு இருநூறு ரூபாய்.

வாங்கியது 2016-ல், மாட்டுங்காவில், கிங்ஸ் சர்க்கிள் பக்கம் ஒரு தரைத்தள வீட்டில். கட்டடம் ரீடெவலப்மென்ட்டுக்குப் போகிறது, அந்த வீட்டு மாமாவும் மாமியும் புனேவில் மகள் வீட்டுக்குக் கிளம்புகிறார்கள். பீரோ, ஊஞ்சல், கிரைண்டர் எல்லாவற்றுக்கும் ஆள் வந்துவிட்டது. ஹாலில் இடுப்பைத் தாண்டிய உயரத்தில் நின்ற இந்த இரண்டு பெட்டிகளை மட்டும் யாரும் சீந்தவில்லை. மாமா குவைத்தில் வேலை பார்த்தபோது வாங்கி, ஊர் திரும்பும்போது சாமானோடு சாமானாகக் கொண்டுவந்தவை. விலை பேசுவதற்கு முன்னால் அவர் சொன்ன கதை 2005 ஜூலை 26 பற்றியது. சாந்தாக்ரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் கொட்டிய நாள். கிங்ஸ் சர்க்கிள் சாதாரண மழைக்கே குளமாகும் இடம். அன்றைக்கு அவர் வீட்டுக்குள் முழங்கால் அளவு தண்ணீர்.

“மாடியிலேர்ந்து ரெண்டு பசங்களைக் கூப்பிட்டு இதைத் தூக்கி டைனிங் டேபிள் மேல ஏத்திட்டேன். சொட்டுத் தண்ணி படலை” என்றார்.

உள்ளேயிருந்து மாமியின் குரல் வந்தது: “அரிசி மூட்டை கீழேயே கெடந்தது. அதை ஏத்தத் தோணலை இவருக்கு.”

முப்பத்தெட்டாயிரம் கொடுத்தேன். அதிகமா குறைவா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. பெட்டியின் அடி விளிம்பு காய்ந்திருந்தது, அது போதும் என்று நினைத்தேன்.

தெரியாதவர்களுக்கு: செலஸ்டியன் 1920-களில் தொடங்கிய ஆங்கிலேய நிறுவனம். கிடார் வாசிப்பவர்களுக்கு அந்தப் பெயர் கிடார் ஆம்ப்ளிஃபயர் ஸ்பீக்கர் செய்பவர்களாகப் பழக்கமாகியிருக்கும். தேம்ஸ் டிட்டன் என்ற ஊரில் அவர்கள் தொழிற்சாலை இருந்ததால் வீட்டு ஸ்பீக்கர் வரிசைக்கு டிட்டன் என்று பெயர். 66 எழுபதுகளில் வந்தது. உயரம் 40 அங்குலம், அகலம் 15. மேல் ஸ்தாயிக்கு ட்வீட்டர் என்கிற ஒரு சின்னக் குமிழ் (டோம்). நடுவுக்கு ஏறக்குறைய இரண்டு அங்குல டோம் ஒன்று. 500 ஹெர்ட்ஸ் முதல் 5000 வரை அதன் ராஜ்ஜியம், அதாவது பாடுகிறவரின் சொல் தெளிவு முழுக்க அதன் கையில். அப்புறம் 12 அங்குல வட்டங்கள் இரண்டு. அதில் ஒன்றுதான் தாழ்ந்த ஒலி தரும் வூஃபர். மற்றதற்குக் காந்தமும் கிடையாது, அசைக்கிற கம்பிச்சுருளும் (காயில்) கிடையாது, மின்சாரம் அதன் பக்கமே போவதில்லை. வூஃபர் அசையும்போது பெட்டிக்குள் அடைபட்ட காற்று தள்ளுகிறது, அந்தத் தள்ளலில் இது ஆடுகிறது, ஆழத்து ஒலி இதிலிருந்தும் வெளியே வருகிறது. ஓட்டை போட்ட பெட்டியில் வருகிற ‘புஸ்’ சத்தம் இதில் இல்லை. ஹாரி ஓல்சன் என்ற அமெரிக்கர் 1930-களிலேயே காப்புரிமை வாங்கிய யோசனை இது.

இதில் வாங்குகிறவருக்கு ஒரு வசதி உண்டு. வூஃபரை விரல்களைப் பரப்பி மெதுவாக உள்ளே அழுத்தினால், சும்மா இருக்கிற அந்த இன்னொரு வட்டம் வெளியே வரும். அழுத்தியபடியே வைத்திருங்கள். அது கொஞ்ச நேரம் வெளியே நின்றால் பெட்டி இறுக்கமாக இருக்கிறது. உடனே பழைய இடத்துக்குப் போனால் எங்கேயோ காற்று கசிகிறது. மாமா வீட்டில் இந்தச் சோதனை செய்யும்போது ஒன்று நின்றது, ஒன்று நிற்கவில்லை. பிரித்துப் பார்த்ததில் காற்று கசியாமல் இருக்க வூஃபருக்கு அடியில் வைத்த பட்டை அப்பளமாகக் காய்ந்து நொறுங்கியிருந்தது. புது பட்டை ஒட்டியதும் சரியாகிவிட்டது.

நான் தப்பித்தது வேறொரு விஷயத்தில். இதன் வூஃபரில் அசைகிற கூம்பை, அதாவது கோனைச் சுற்றியுள்ள விளிம்பு நுரை இல்லை. எழுபது, எண்பதுகளின் எத்தனையோ நல்ல அமெரிக்க ஸ்பீக்கர்களுக்கு நுரை விளிம்புதான். அந்த நுரைக்கு ஈரம்தான் எமன். முலுண்டில் இருக்கும் நண்பரிடம் எண்பதுகளின் ஜேபிஎல் ஜோடி ஒன்று உண்டு. ஒரு ஆகஸ்ட் மாதம் முன்பக்க மூடியை (கிரில்) கழற்றி விளிம்பைத் தொட்டார், விரலோடு தார் மாதிரி வந்தது. புது விளிம்பு ஒட்டிக்கொள்ளலாம், பெரிய செலவு இல்லை, ஆனால் கோனை நடுவில் நிறுத்தி ஒட்டப் பொறுமை வேண்டும். கொஞ்சம் சாய்ந்தாலும் காயில் உரசும். அவர் இதுவரை இரண்டு முறை ஒட்டிவிட்டார். ஒவ்வொரு முறையும் “இப்போ முன்னைவிட நன்னா இருக்கு” என்பார். நாங்களும் தலையாட்டுவோம்.

இந்தத் தலையாட்டலைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பழைய ஸ்பீக்கர் வைத்திருப்பவர்கள் ஐந்தாறு பேர் மாதத்துக்கு ஒரு முறை யாராவது ஒருவர் வீட்டில் கூடுகிறோம். ஒருவரும் தன் ஸ்பீக்கரைக் குறை சொல்லி நான் கேட்டதில்லை. முதுகு பிடிக்கத் தூக்கி, தூசி தட்டி, எலெக்ட்ரானிக்ஸ் கடைகள் இருக்கும் லாமிங்டன் ரோட்டுக்கும் வீட்டுக்குமாக அலைந்து, தாராவியில் நம்மூர் தச்சரைப் பிடித்து மேல்தோலை ஒட்டி, இவ்வளவும் செய்தவன் அது சுமாராகத்தான் பாடுகிறது என்று சொல்வானா? நானும் சொல்லமாட்டேன். அதனால் எங்கள் உற்சாகத்தில் பாதியைக் கழித்துவிட்டுக் கேளுங்கள். என் காதை நான் சோதித்துப் பார்த்த கதை கீழே.

ஒலியை ட்வீட்டருக்கும் வூஃபருக்கும் பிரித்துக் கொடுக்கும் கிராஸ்ஓவர் என்ற சர்க்யூட் உள்ளே இருக்கிறது. அதில் இருக்கும் பழைய கெப்பாசிட்டர்கள் வயதாக வயதாக அளவு மாறும். கழற்றி அளந்தபோது சில, மேலே அச்சிட்டதைவிட இருபது முப்பது சதவீதம் ஏறியிருந்தன. ஒரு ஸ்பீக்கரில் மட்டும் சாதாரண விலையில் புதிது போட்டு, இன்னொன்றை அப்படியே விட்டேன். ஆம்ப்பை மோனோவில் வைத்து, பேலன்ஸ் குமிழை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பினால் வித்தியாசம் பளிச்சென்று தெரிந்தது. ஜால்ராவின் ஓசை ஒன்றில் மணியாக நின்றது, மற்றதில் துணி சுற்றிய மாதிரி. ஸ்பீக்கர் விஷயத்தில் எந்த ஆர்வமும் இல்லாத என் மனைவி சமையலறையிலிருந்தே, “இடது பக்கத்து ஆள் சளி போய்ப் பாடுகிறார்” என்றாள். இரண்டையும் மாற்றினேன்.

அத்தோடு விட்டிருக்கலாம். ஒரு வருடம் கழித்து, அதே அளவில் நாலு மடங்கு விலையுள்ள ஃபிலிம் கெப்பாசிட்டர்கள் வாங்கினேன். போட்ட அன்றே எல்லோருக்கும் போன் செய்து, தம்பூராவின் ஜீவா, அந்த ரீங்காரம், இப்போதுதான் கேட்கிறது என்றெல்லாம் அளந்தேன். என் மகள் அப்போது பன்னிரண்டாவது படித்துக்கொண்டிருந்தாள். “ஸ்விட்ச் வைத்து இரண்டையும் மாற்றி மாற்றிக் கேட்டுப் பாருங்களேன் அப்பா” என்றாள். ஒரே ஸ்பீக்கரில் மலிவானதும் விலையுயர்ந்ததும் ஸ்விட்ச்சின் இரண்டு பக்கம். நான் முதுகைக் காட்டி உட்கார்ந்து இருபது தடவை எழுதினேன். பதினொன்று சரி. காசைச் சுண்டிப் போட்டிருந்தாலே பத்து வந்திருக்கும். அந்தத் தாளை மகள் ஃப்ரிட்ஜில் ஒட்டிவைத்தாள், பல மாதம் இருந்தது.

இன்னொரு அசட்டுத்தனம். ஒரு வூஃபரில் காயிலுக்குப் போகும் பின்னல் கம்பி அறுந்து, ஒரு கடையில் கொடுத்துச் சரிசெய்து வாங்கினேன். மாட்டியதிலிருந்து தாழ்ந்த ஒலியே காணோம். இவ்வளவு பெரிய பெட்டிகள் டிரான்ஸிஸ்டர் ரேடியோ மாதிரி பாடின. இரண்டு வாரம் ஆம்ப்பைச் சந்தேகித்தேன், தடியான வயர் வாங்கினேன், சோபாவை நகர்த்தினேன். கடைசியில் சுவர்க்கடிகாரத்திலிருந்து ஒன்றரை வோல்ட் செல்லை எடுத்து வூஃபரின் முனைகளில் வைத்துப் பார்த்தால், ஒன்றின் கோன் வெளியே வருகிறது, மற்றது உள்ளே போகிறது. கடைக்காரர் கம்பியை மாற்றிப் பற்றவைத்திருக்கிறார். ஒன்று காற்றைத் தள்ள, மற்றது இழுக்க, தாழ்ந்த ஒலி தங்களுக்குள்ளேயே அடித்துக்கொண்டு காணாமல் போயிருக்கிறது. வயரை இடம் மாற்ற இரண்டு நிமிடம். தடியான வயர் இன்னும் பரணில் இருக்கிறது.

சரி, எப்படிப் பாடுகிறது?

மிருதங்கத்தின் தொப்பி. வேறு எதையும்விட இதற்காகத்தான் இதை வைத்திருக்கிறேன். பாலக்காடு மணி ஐயர் வாசித்த பழைய கச்சேரிப் பதிவுகளில் இரைச்சலும் இருமலும் ஏராளம். ஆனாலும் இடது கை இழுத்து விடும் அந்த ‘கும்’ மட்டும் அறையில் வந்து உட்காரும். மெலிந்த புது டவர் ஸ்பீக்கர்களில் அது ஒரு தட்டு, இதில் அது ஒரு தோல். ஆண் குரல் நன்றாக இருக்கிறது, பெண் குரல் அதைவிட நன்றாக இருக்கிறது. எண்பதுகளின் இளையராஜா பாடல்களில் பேஸ் கிடார் தனியாக ஒரு பாட்டு பாடிக்கொண்டே போகும் அல்லவா, அதைச் சின்ன வயதில் டேப்ரிக்கார்டரில் நான் பாதிதான் கேட்டிருக்கிறேன் என்று இது வந்த பிறகுதான் தெரிந்தது. (இந்தப் பத்தியிலும் பாதியைக் கழித்துக்கொள்ளுங்கள்.)

பிடிக்காததும் உண்டு. அகலமான முகம் என்பதால் பாடகர் நடுவில் ஊசிமுனையாக நிற்கமாட்டார், கொஞ்சம் பரந்து, சபாவின் பின்வரிசையில் இருந்து பார்ப்பது போலத்தான் இருப்பார். மூலையில் தள்ளி வைத்தால் தாழ்ந்த ஒலி பானைக்குள் பேசுவது மாதிரி ஆகிவிடும். சுவரிலிருந்து ஒன்றரை அடியாவது வேண்டும். மும்பையில் ஒன்றரை அடி என்பது சின்ன விஷயமில்லை. பதினொன்றுக்குப் பதினான்கு ஹாலில் இவை இரண்டும் நின்றபின் டைனிங் டேபிளை மடக்கு டேபிளாக மாற்றினோம். மாமா வீட்டு டேபிள் காப்பாற்றிய ஸ்பீக்கர் எங்கள் வீட்டு டேபிளைத் தின்றுவிட்டது.

ஓட்டுவது நேட் (NAD) 3020 ஆம்ப்ளிஃபயர். 1978-ல் வந்தது, இருபது வாட்ஸ்தான். எங்கள் ஹாலுக்குத் தாராளம். ஆனால் குமிழை முக்கால் பங்குக்கு மேல் திருகினால் சின்ன ஆம்ப் திணறும், திணறலில் முதலில் எரிவது ட்வீட்டர். இந்த ட்வீட்டர் புதிதாகக் கிடைக்காது, யாருடைய ஸ்பீக்கரிலிருந்தாவது கழற்றியதுதான் கிடைக்கும். எங்கள் சொசைட்டி செக்ரட்டரி கீழ் ஃப்ளாட்டிலேயே இருப்பதால் அந்த அபாயம் தானாகவே குறைவு. கிரில் துணியில் ஜூலை மாதம் பூஞ்சை பிடிக்கும். மாற்றும்போது தாதரில் வாங்கிய துணியை வாயருகே வைத்து ஊதி, அந்தப் பக்கம் உள்ளங்கையில் காற்று தெரிகிறதா என்று பார்த்து எடுத்தேன். கடைப்பையன் பார்த்த பார்வை மறக்காது.

போன வருடம் மாமாவும் மாமியும் செம்பூருக்கு ஒரு கல்யாணத்துக்கு வந்தார்கள். சாப்பிட்டுவிட்டு வீட்டுக்கு வந்து, கருங்கல்லைத் தட்டிப் பார்த்து, எதிரே உட்கார்ந்தார் மாமா. அவரே கொண்டுவந்திருந்த சிடியைப் போட்டேன். கால் மணி நேரம் கண்ணை மூடிக் கேட்டார்.

“நன்னா இருக்கு. ஆனா இது என் ஸ்பீக்கர் இல்லையே. ஏதோ மாத்தியிருக்கே.”

கெப்பாசிட்டர் கதையைச் சொன்னேன். பழையது கெட்டுப்போயிருந்தது, உங்களுக்கு இத்தனை வருஷமும் மேல் ஸ்தாயி மங்கலாகத்தான் கேட்டிருக்கும் என்றேன். அவர் அதைக் காதில் வாங்கிக்கொண்டதாகத் தெரியவில்லை.

“பழசை என்ன பண்ணினே?”

எறியவில்லை. ஹார்லிக்ஸ் பாட்டிலில் போட்டு வைத்திருந்தேன். எடுத்துவந்து காட்டினேன். ஒவ்வொன்றாக வெளியே எடுத்து, மேலே இருந்த எழுத்தைக் கண்ணாடியைத் தூக்கிவிட்டுப் படித்தார். பிறகு எல்லாவற்றையும் திரும்பப் போட்டு மூடியைத் திருகி, பாட்டிலை மாமியிடம் நீட்டினார். மாமி ஒன்றும் கேட்கவில்லை. தாம்பூலப் பையில் தேங்காயை ஒதுக்கி அதற்கு இடம் பண்ணினார்.