ஒன்பது ஆண்டுகள் கார், நான்கு ஆண்டுகள் ரயிலும் பஸ்ஸும்

ஒன்பது ஆண்டுகள் தினமும் காரில்தான் அலுவலகம் போய்வந்தேன். கடந்த நான்கு ஆண்டுகளாக அதே 14 கிலோமீட்டரை மெட்ரோ ரயிலிலும் பஸ்ஸிலும் கடக்கிறேன். காரை விற்கவில்லை. அதற்கான காரணத்தைப் பின்னால் சொல்கிறேன்.

முதலில் நேரம். கார்தான் வேகம் என்று உறுதியாக நம்பியிருந்தேன். மாறிய புதிதில் இரண்டு மாதங்கள் வாரத்துக்கு இரண்டு நாள் கார், மூன்று நாள் ரயில் என்று போய், வீட்டைப் பூட்டும் நேரத்தையும் அலுவலக இருக்கையில் அமரும் நேரத்தையும் குறித்துவைத்தேன். காரில் ஒரு நாள் 35 நிமிடம், மறுநாள் 80. ரயில், பஸ், நடை எல்லாம் சேர்த்து 60க்கும் 68க்கும் நடுவில். சராசரி பார்த்தால் கார் சற்று முந்துகிறது. ஆனால் பத்து மணிக்குக் கூட்டம் என்றால் 80 நிமிடத்தைக் கணக்கில் வைத்துத்தானே கிளம்ப முடியும்? அந்தக் குறிப்பேட்டைப் பார்த்த பிறகு காரின் வேகத்தை நான் நம்புவதில்லை.

நெரிசலில் கிளட்சை மிதித்து மிதித்து மாலையில் இடது முழங்கால் கனத்துப்போகும். வீட்டுக்கு வந்ததும் யாரோடும் பேசப் பிடிக்காது. கார் சத்தம் கேட்டாலே என் மகள் தன் அறைக்குள் போய்விடுவாள் என்பதை மனைவி சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். இன்றும் அது உறுத்துகிறது. இப்போது ரயிலில் நின்றுகொண்டு வந்தாலும், வீட்டுப் படியேறும்போது மனம் இலேசாக இருக்கிறது. வாசலில் அவளே கதவைத் திறக்கிறாள்.

பஸ்ஸில் என்னை வாட்டுவது கூட்டம் அல்ல, காத்திருப்பு. பத்து நிமிடத்துக்கு ஒரு பஸ் ஒழுங்காக வந்தால் சராசரியாக ஐந்து நிமிடம் நிற்போம். அதே எண்ணிக்கை பஸ்கள் இருபது நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டு இரண்டாக வந்தால் சராசரி பத்தாகிவிடும். இது ஓட்டுநரின் சோம்பல் அல்ல. ஒரு பஸ் சற்றே தாமதித்தால் அடுத்த நிறுத்தத்தில் அதிகம் பேர் சேர்ந்திருப்பார்கள். அவர்கள் ஏறி முடிப்பதற்குள் இன்னும் தாமதம். பின்னால் வரும் பஸ்ஸில் ஏற ஆளே இருக்காது, விரைந்து வந்து ஒட்டிக்கொள்ளும். இது புரிந்தபின், நிரம்பி வழியும் முதல் பஸ்ஸை விட்டுவிட்டு அடுத்ததில் ஏறுகிறேன். பெரும்பாலும் இடம் கிடைக்கிறது.

கார் ஏன் இருக்கிறது என்றால், அப்பாவுக்காக. அவரால் படியேற முடியாது. ஒரு நாள் நள்ளிரவில் அவருக்கு மூச்சுத் திணறல். சாவியைத் திருப்பினேன், 'டிக் டிக்' என்ற ஒலி மட்டும்தான். மூன்று வாரங்கள் எடுக்காமல் நின்ற வண்டி. இயந்திரம் அணைந்திருந்தாலும் அலாரமும் கடிகாரமும் பேட்டரியைச் சிறிது சிறிதாக உறிஞ்சிக்கொண்டே இருக்கும் என்பது எனக்குத் தெரியும், தெரிந்தும் விட்டுவிட்டேன். பக்கத்து வீட்டுக்காரர் தன் வண்டியில் கொண்டுபோய்ச் சேர்த்தார். அப்பா பிழைத்துக்கொண்டார். அன்றிலிருந்து ஒவ்வொரு ஞாயிறும் அரை மணி நேரமாவது வண்டியை ஓட்டுகிறேன், டயரில் காற்றும் பார்க்கிறேன். சும்மா நிற்கும் காரையும் கவனிக்கத்தான் வேண்டும்.

மழை நாளில் மட்டும் இன்னும் மனம் தடுமாறுகிறது. நிலையத்திலிருந்து அலுவலகத்துக்கு 900 மீட்டர். பாதியில் நடைபாதை முடிந்துவிடும். தேங்கிய நீருக்கும் வண்டிகளுக்கும் இடையே ஒதுங்கி ஒதுங்கி நடக்க வேண்டும். பூமிக்கு அடியில் அவ்வளவு ஆழம் தோண்டி ரயில் விட்டவர்கள் இந்த அரைக் கிலோமீட்டரையும் சீர்செய்திருக்கலாம். என்னோடு ரயிலுக்கு மாறிய இருவர் இதைச் சொல்லித்தான் திரும்பவும் காருக்குப் போனார்கள்.