ஜாஸ் பேஸ் கிட் வாங்கலாமா? செய்து, வாசித்துப் பார்த்தவரின் விமர்சனம்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். காசு மிச்சமாகும் என்ற நினைப்பில் பேஸ் கிட்டார் கிட், அதாவது பாகங்களாக வந்து நாமே பூட்டிக்கொள்ள வேண்டிய பெட்டி, வாங்கப் போகிறீர்கள் என்றால் வேண்டாம், விட்டுவிடுங்கள். அதே பணத்தோடு கொஞ்சம் சேர்த்தால், யாரோ ஆசைப்பட்டு வாங்கிக் கொஞ்ச நாள் வாசித்துவிட்டுச் சுவரோரம் சாத்திவைத்திருக்கும் பழைய ஸ்கொயர் பிராண்டு பேஸ் ஒன்று செகண்ட்ஹேண்டில் கிடைக்கும், அன்று சாயங்காலமே வாசிக்கலாம். கையில் வைத்திருக்கும் பேஸைச் சும்மா விடாமல் ஸ்க்ரூ டிரைவரோடு சுற்றுகிறவர்கள் மட்டும் மேலே படியுங்கள்.

நான் வாங்கியது ஃபெண்டர் கம்பெனியின் ஜாஸ் பேஸ் மாடல் வடிவத்தில் நாலு ஸ்ட்ரிங் கிட். சீனாவில் செய்தது. ஆன்லைனில் வாங்கினேன், கூரியர், வரி எல்லாம் சேர்த்துப் பன்னிரண்டாயிரத்துக்குப் பக்கத்தில் வந்தது. விற்றவர் பெயரைச் சொல்வதில் பயன் இல்லை, ஏனென்றால் இதே பெட்டி பத்துப் பெயர்களில் ஓடுகிறது. உள்ளே பெயின்ட் அடிக்காத பாஸ்வுட் பாடி, 20 ஃப்ரெட் (ஸ்வர இடங்களைப் பிரிக்கும் குறுக்குக் கம்பி) போட்ட மேப்பிள் நெக், ஸ்ட்ரிங்கின் அதிர்வை மின்சாரமாக்கும் சிங்கிள் காயில் பிக்கப் இரண்டு, மூன்று நாப் உள்ள தகடு, சுருதி சேர்க்கும் கீ நாலு, ஸ்ட்ரிங்கின் அடிமுனையை மாட்ட வளைத்த தகட்டில் செய்த பிரிட்ஜ், ஒரு பை நிறைய ஸ்க்ரூ, ஒரு செட் ஸ்ட்ரிங், புரியாத படம் போட்ட ஒற்றைத் தாள். பிளாஸ்டிக் பிக்கார்டும் உண்டு, அதன் ஓட்டைகள் பாடியில் எங்கே உட்கார வேண்டும் என்பது அதைச் செய்தவருக்கே வெளிச்சம்.

இப்படி ஒரு கிட் சாத்தியமாவதே ஃபெண்டர் கம்பெனியை ஆரம்பித்த லியோ ஃபெண்டரின் புண்ணியம்தான். 1951ல் அவர் பிரிசிஷன் பேஸைக் கொண்டுவந்தபோது நெக்கைப் பசை போட்டு ஒட்டாமல் நாலு ஸ்க்ரூவில் முடுக்கினார். ஃபாக்டரியில் வேகமாகச் செய்யலாம், கெட்டுப்போனால் கழற்றி வேறொன்று மாட்டலாம் என்ற கணக்கு அது. 1960ல் வந்த ஜாஸ் பேஸும் அதே வழிதான். அந்தக் கணக்கு இன்றும் செல்லுபடியாவதால்தான் எங்கேயோ செய்த பாடியில் வேறெங்கேயோ செய்த நெக்கை நம் வீட்டு மேஜையில் வைத்து மாட்ட முடிகிறது.

மரத்தில் எனக்குக் குறை இல்லை. பாஸ்வுட் லேசான, மென்மையான மரம், நகம் பட்டாலே குழி விழும், ஆனால் சத்தத்தில் ஒன்றும் கெட்டுப்போகவில்லை. மூன்று துண்டை ஒட்டிச் செய்திருந்தார்கள், ஒட்டு நன்றாகவே இருந்தது. தொல்லை என்னவென்றால் ஃபாக்டரியிலேயே ஒரு கோட் சீலர் அடித்து அனுப்பிவிடுகிறார்கள். மரத்தின் ரேகை தெரிகிற மாதிரி ஸ்டெயின் போட நினைத்தால் அது திட்டுத்திட்டாகத்தான் பிடிக்கும், பசை வழிந்த இடத்தில் பிடிக்கவே பிடிக்காது. ரேகையும் பெரிய அழகு இல்லை. பேசாமல் ஒரே நிறத்தில் பெயின்ட் அடித்துவிடுவது நல்லது. கார் டச்-அப் கடையில் கிடைக்கும் ஸ்ப்ரே டப்பாக்களே போதும், பிரைமர், நிறம், மேலே கிளியர். மழை மாதங்களில் வேண்டாம், சென்னை ஈரத்தில் கிளியர் வெளுத்துப் பால் பூத்த மாதிரி ஆகிவிடும். நெக்குக்கு ஆசாரி போடும் அரக்குப் பாலிஷ் பார்க்க அழகாக இருக்கும், ஆனால் வியர்வையும் சூடும் பட்டால் பிசுபிசுக்கும் என்பதால் அதற்கு ஆளிவிதை எண்ணெய்தான் என் தேர்வு. துடைத்த துணியை மட்டும் சுருட்டிக் குப்பையில் போடாதீர்கள். அந்த எண்ணெய் காயும்போது சூடாகும், சுருட்டிய துணி தானாகவே தீப்பிடிக்கும். விரித்துக் காயப்போடுங்கள்.

மாட்டும் வேலைக்கு வருவோம். ஜாஸ் பேஸின் ஸ்கேல், அதாவது ஸ்ட்ரிங் ஒலிக்கும் நீளம், 34 அங்குலம், அதாவது 864 மி.மீ. நட்டிலிருந்து (நெக்கின் தலைப்பக்கம் ஸ்ட்ரிங் உட்காரும் பள்ளம் போட்ட சின்னத் துண்டு) 12ஆவது ஃப்ரெட் வரை 432 இருக்க வேண்டும், அங்கிருந்து மிக மெல்லிய ஜி ஸ்ட்ரிங்கின் சேடில் (பிரிட்ஜில் ஸ்ட்ரிங் உட்காரும் துண்டு) வரை அதே அளவு. மிகத் தடிமனான இ ஸ்ட்ரிங்கின் சேடில் அதற்குச் சில மி.மீ. பின்னால் போகும், அதற்கு இடம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் பிரிட்ஜை முடுக்க வேண்டும். என் கிட்டில் அளவு சரியாகவே இருந்தது. நெக் உட்காரும் குழியில்தான் ஒரு பக்கம் இடைவெளி, ஒரு ரூபாய் நாணயம் நுழையும். நட்டிலிருந்து பிரிட்ஜுக்கு இரண்டு ஓரத்திலும் நூல் கட்டி, இரண்டு நூலும் ஃபிங்கர்போர்டின் விளிம்பிலிருந்து ஒரே தூரத்தில் போகும்படி நெக்கைத் திருப்பிவைத்து முடுக்கினால் அந்த இடைவெளி பார்வைக்கு மட்டும்தான் குறை. கூட வந்த ஸ்க்ரூக்கள் வெறும் மாவு. அவற்றை நம்பி மேப்பிளில் நேரடியாக முடுக்கினால் தலை சிதைந்துவிடும். சரியான அளவில் ஓட்டை போட்டு, மரையில் மெழுகு தேய்த்து, நிதானமாக ஏற்ற வேண்டும். நல்ல ஸ்க்ரூ பத்து ரூபாய்ச் சமாச்சாரம், இதில்கூடவா கஞ்சத்தனம்?

அப்புறம் ஃப்ரெட். கிட் நல்ல பேஸ் ஆவதும் விறகு ஆவதும் இங்கேதான், பிக்கப்பில் இல்லை. கிட் வாங்கும் பலரும் முதல் வேலையாக பிக்கப்பை மாற்றி, கிட் விலையில் பாதியை அதில் கொட்டுகிறார்கள், பேஸ் அப்படியும் கரகரவென்றே ஒலிக்கிறது, ஏனென்றால் ஸ்ட்ரிங் ஏதோ ஒரு ஃப்ரெட்டின் மேல் உரசிக்கொண்டிருக்கிறது. மூன்று ஃப்ரெட்டின் மேல் ஒரே சமயத்தில் உட்காரும் அளவுக்கு நேரான இரும்புத் துண்டு ஒன்று போதும், அது ஆடினால் நடு ஃப்ரெட் உயரம். என் நெக்கில் 12க்கு மேலே நிறைய இடத்தில் ஆடியது. முதலில் நெக்குக்குள் ஓடும் இரும்புக் கம்பியான டிரஸ் ராடைத் திருகி நெக்கை நேராக்கி, மரத்தின் மேல் டேப் ஒட்டி, ஃப்ரெட்டின் தலையில் மார்க்கரால் கோடு போட்டு, நேரான அலுமினியக் கட்டையில் 400 நம்பர் உப்புத்தாள் ஒட்டி, எல்லாக் கோடும் அழியும்வரை தேய்க்க வேண்டும். தேய்த்ததும் தலை தட்டையாகிவிடும், அதை அரத்தால் மறுபடி உருட்ட வேண்டும். அலுப்பான வேலை. ஆனால் இதற்குப் பிறகு அதே நெக் வேறு நெக்.

ஓரத்தில் ஃப்ரெட் நீட்டிக்கொண்டிருப்பதையும் சேர்த்து அராவிவிடுங்கள், இல்லையென்றால் கை இறங்கும்போது கீறும்.

நட் இன்னொரு இடம். கிட்டில் வருவது உள்ளே பொள்ளலான பிளாஸ்டிக், பள்ளங்கள் ஆழம் போதாது. மூன்றாவது ஃப்ரெட்டில் அழுத்திப் பிடித்து முதல் ஃப்ரெட்டைப் பாருங்கள், ஸ்ட்ரிங்குக்கும் ஃப்ரெட்டுக்கும் நடுவில் மயிரிழை இடைவெளி இருந்தால் சரி. என்னுடையதில் தீக்குச்சி போகும். அப்படி இருந்தால் முதல் ஃப்ரெட்டில் அழுத்தும்போதே சுருதி ஏறிவிடும், விரலும் நோகும். எலும்பு நட் வாங்கிப் போட்டேன். நட் அரம் தனியாக வாங்கினால் விலை அதிகம், பழைய ஸ்ட்ரிங்கின் மேல் உப்புத்தாளைச் சுற்றித் தேய்த்தால் அதே அகலத்தில் பள்ளம் விழும். நெக்கின் வளைவுக்கு நான் வைத்திருக்கும் கருவி விசிட்டிங் கார்டு: முதல் ஃப்ரெட்டிலும் கடைசி ஃப்ரெட்டிலும் அழுத்திக்கொண்டு ஏழாவதில் அது லேசாக நுழைந்தால் 0.3 மி.மீ. சுமார் இருக்கும், அது போதும். ஸ்ட்ரிங் உயரம் 17ஆவது ஃப்ரெட்டில் 2 மி.மீ. ஐப்பசி மழையில் நெக் கொஞ்சம் அசையும், டிரஸ் ராடைக் கால் சுற்று திருகினால் திரும்பிவிடும்.

எலக்ட்ரிக்கல் சமாச்சாரத்தில்தான் எனக்குக் கோபம். சால்டரிங் தெரியாதவர்களுக்கு வசதி என்று எல்லாவற்றையும் பிளக் போட்டு மாட்டும்படி கொடுத்திருக்கிறார்கள், நல்ல எண்ணம்தான், ஆனால் ஒயரிங்கே தப்பு. ஜாஸ் பேஸில் இரண்டு வால்யூம், ஒரு டோன். ஒரு பிக்கப்பைக் குறைத்து இன்னொன்றை வைத்துக் கலப்பதில்தான் அந்த பேஸின் உயிரே இருக்கிறது. இதில் எதாவது ஒரு வால்யூமை முழுதாக மூடினால் மொத்தமும் ஊமை. காரணம், பிக்கப் ஒயரை, நாபுக்கு அடியில் மூன்று காலோடு இருக்கும் 'பாட்' என்ற பொட்டென்ஷியோமீட்டரின் ஓரக்காலில் கொடுத்து நடுக்காலிலிருந்து வெளியே எடுத்திருக்கிறார்கள். ஜாஸ் பேஸில் அது தலைகீழ், பிக்கப் நடுக்காலுக்கு வர வேண்டும், வெளியே போவது ஓரக்காலிலிருந்து. இரண்டு ஒயரை மாற்றிச் சுடும் வேலைதான், ஆனால் தெரியாதவர் பிக்கப் செத்துவிட்டது என்றே நினைப்பார். விற்றவருக்கு எழுதிக் கேட்டேன், "பேஸ் நன்றாக வேலை செய்கிறது அல்லவா, ஐந்து ஸ்டார் கொடுங்கள்" என்று பதில் வந்தது.

சரி, திறந்ததுதான் திறந்தோம் என்று பாட்களையும் மாற்றிவிட்டேன். வேண்டியது 250கே (கிலோ ஓம்), திருப்பும்போது சத்தம் காதுக்குச் சீராக ஏறும் லாக் வகை. சென்னையில் எலக்ட்ரானிக்ஸ் கடைகள் இருக்கும் ரிச்சி தெருவில் சும்மா 250கே என்று கேட்டால் கையில் வருவது லீனியராகவும் இருக்கலாம், முதுகில் பார்த்து வாங்குங்கள், ஏ என்று இருந்தால் லாக், பி என்றால் லீனியர். டோனுக்கு 473 என்று அச்சிட்ட கெப்பாசிட்டர், அதாவது 0.047 மைக்ரோஃபாரட், சில ரூபாய்க்குக் கிடைக்கும். இதற்கே ஆயிரக்கணக்கில் செலவழித்து எண்ணெயில் ஊறிய பழைய கெப்பாசிட்டர் தேடும் ஆட்கள் இருக்கிறார்கள், அவர்கள் சந்தோஷம் அவர்களுக்கு, என் காதுக்கு வித்தியாசம் தெரியவில்லை. இரண்டு பிக்கப்பையும் முழுதாகத் திறந்தால் சத்தம் தடிமனாக வர வேண்டும். ஒல்லியாக, மூக்கால் பேசுவதுபோல் வந்தால் ஒரு பிக்கப்பின் இரண்டு ஒயரையும் இடம் மாற்றுங்கள்.

உள்ளே செப்பு டேப் ஒட்டி எர்த்தோடு சேர்த்தபின் கரகர இரைச்சல் போய்விட்டது. ஒரு பிக்கப் மட்டும் வைத்தால் வரும் ஹம் என்ற ரீங்காரம் போகாது, அது சிங்கிள் காயிலின் பிறவிக் குணம், இரண்டும் திறந்தால் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு அடங்கும். நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், இ ஸ்ட்ரிங்கின் மூன்றாவது ஃப்ரெட்டில் வரும் ஜி 49 ஹெர்ட்ஸ். அதனால் ஜி-யில் பாட்டு வாசித்தால் ஹம்மும் ஏறக்குறைய சுருதி சேர்ந்தே பாடும்! ஸ்ட்ரிங்கைத் தொட்டாலும் இரைச்சல் துளிகூட மாறவில்லை என்றால் பிரிட்ஜுக்கு அடியில் எர்த் ஒயர் வைக்காமல் விட்டிருப்பார்கள், அதையும் பாருங்கள். வீட்டு பிளக்கில் எர்த் இருக்கிறதா என்பது அதற்கும் முன்னால் பார்க்க வேண்டியது, அது விளையாட்டு இல்லை.

கூட வந்த ஸ்ட்ரிங்கைத் தூக்கிப் போட்டுவிட்டு 45-100 தடிமனில், உருண்டைக் கம்பி சுற்றிய நிக்கல் ரவுண்ட்வௌண்ட் ஸ்ட்ரிங் போட்டேன். இப்போது எப்படி இருக்கிறது? நான் எதிர்பார்த்ததைவிட நன்றாக. கிட்டோடு வந்த பிக்கப்களை மாற்றவே இல்லை. இளையராஜா பாட்டுகளின் பேஸ் வாசித்துப் பழகியவர்களுக்குத் தெரியும், அது அடியில் உட்கார்ந்து ஒரே ஸ்வரத்தைத் தட்டிக்கொண்டிருக்காது, பாட்டுக்குப் பக்கத்தில் இன்னொரு மெட்டாக மேலே ஏறி இறங்கும். ஜி ஸ்ட்ரிங்கில் 12ஐத் தாண்டி அப்படி வாசிக்கும்போது ஒவ்வொரு ஸ்வரமும் தெளிவாக நின்றது, ஃப்ரெட் தேய்த்த அலுப்பெல்லாம் அங்கே தீர்ந்தது. பிரிட்ஜ் பக்கத்துப் பிக்கப்பைக் கூட்டி வாசித்தால் ஜாஸ் பேஸுக்கே உரிய மூக்கொலி வருகிறது, அதை வாங்குவதே அதற்குத்தானே.

பிடிக்காதது இரண்டு. ஜி ஸ்ட்ரிங்கில் ஐந்தாவது, ஆறாவது ஃப்ரெட் பக்கம் ஸ்வரம் சீக்கிரம் செத்துவிடுகிறது. ஸ்க்ரூவில் மாட்டும் நெக் கொண்ட பேஸ்களில் இது பழைய வியாதி, விலை உயர்ந்தவற்றிலும் உண்டு, தலைப்பகுதியில் சின்ன இரும்புக் கிளாம்ப் ஒன்று மாட்டினால் இடம் கொஞ்சம் நகர்கிறது. இரண்டாவது, பாடி லேசு, கீக்கள் கனம், ஸ்ட்ராப்பில் தொங்கவிட்டால் தலை கீழே போகிறது. சொரசொரப்பான அகலத் தோல் ஸ்ட்ராப் வாங்கிச் சமாளிக்கிறேன். லேசான கீ வாங்கலாம்தான், ஆனால் நாலு கீயின் விலைக்கு இன்னொரு கிட்டே வந்துவிடும் போலிருக்கிறது.

நட், பாட், ஸ்ட்ரிங், செப்பு டேப், பெயின்ட், உப்புத்தாள் என்று கணக்குப் போட்டால் கிட் விலையில் பாதிக்குக் கொஞ்சம் குறைவாக மறுபடி செலவு, சால்டரிங் அயர்னும் அரமும் ஏற்கெனவே வீட்டில் இருந்ததால் அவற்றைச் சேர்க்கவில்லை. ஐந்து ஸ்ட்ரிங் கிட்டும் இருக்கிறது, முதல் தடவைக்கு வேண்டாம், இ-யைவிடத் தடிமனான அந்த பி ஸ்ட்ரிங் நட்டிலும் நெக்கிலும் உள்ள ஒவ்வொரு குறையையும் காட்டிக்கொடுத்துவிடும்.

வாங்குகிறவர்கள் ஆர்டர் போடும் முன் நெக்கின் அடிப்பகுதி அகலம் என்ன என்று எழுதிக் கேளுங்கள். ஃபெண்டர் அளவு 63.5 மி.மீ., அது ஒத்துப்போனால்தான் பின்னால் வேறு நெக் மாட்ட முடியும். எனக்கு ஒரு ஃப்ரெட்லெஸ் நெக் மேல் கண் இருக்கிறது. புகழ்பெற்ற பேஸ் கலைஞர் ஜாக்கோ பாஸ்டோரியஸ் தன் 1962 ஜாஸ் பேஸில் ஃப்ரெட் இல்லாமல் ஆக்கி, படகுக்குப் பூசும் எபாக்சியை ஃபிங்கர்போர்டில் ஊற்றி வாசித்தார். இவ்வளவு நேரம் உட்கார்ந்து தேய்த்த ஃப்ரெட்டுகளைப் பிடுங்க எனக்கு மனசு வரவில்லை, நாலு ஸ்க்ரூவைக் கழற்றி வேறு நெக்கை மாட்டிக்கொள்கிறேன்.