இறக்கத்தில் முழங்கால்: பொல்லும் உறையும் குளக்கட்டும், பல ஆண்டுப் பயன்பாட்டு அனுபவம்

இலங்கையின் வடக்கே வன்னியில் வளர்ந்த முழங்காலுக்கு ஏற்ற இறக்கம் பழக்கமில்லை. வயல், குளம், காடு, கடற்கரை என்று நாளெல்லாம் நடந்தாலும் நாங்கள் நடப்பது சமதரையில்தான். சில சிறு குன்றுகளை விட்டால், மலை என்று சொல்ல எங்கள் பக்கம் ஒன்றுமில்லை. கதிர்காமப் பாதயாத்திரையும் பெரும்பாலும் சமதரைதான். தொண்டைமானாறு செல்வச் சந்நிதியில் புறப்பட்டு, முல்லைத்தீவு, வற்றாப்பளை, திருகோணமலை, வெருகல், மட்டக்களப்பு, திருக்கோவில், பொத்துவில், உகந்தை, பிறகு குமண, யால காடுகள் என்று ஐந்நூறு கிலோமீட்டருக்கும் மேல் நடந்துவிடுகிறோம். அதற்குப் பிறகுதான் கதிர்காமக் கோவிலுக்கு அருகிலுள்ள கதிரமலை வருகிறது. வாரக்கணக்கில் நடந்து களைத்த கால்களோடு அதில் ஏறுவதைப் பற்றிக் கவலைப்படாதவர் இல்லை. ஆனால் முழங்காலைப் பிடித்துக்கொண்டு ஓரமாக உட்காருபவர்களில் அதிகமானோரை நான் கண்டது இறங்கும்போதுதான்.

இதற்குக் காரணம் உண்டு. ஏறும்போது தொடைத் தசை சுருங்கி உடலைத் தூக்குகிறது. இறங்கும்போது அதே தசை நீண்டுகொண்டே உடலின் பாரத்தைத் தாங்கி, மெல்லக் கீழே விடவேண்டியிருக்கிறது. மூச்சு வாங்காததால் இறக்கம் இலகு என்று தோன்றும். மூட்டின் கணக்கு வேறு. செயற்கை முழங்கால் மூட்டுக்குள் அளவுகருவி பொருத்தி ஜெர்மனியில் செய்த அளவீடு 2010இல் வெளியானது. சமதரையில் நடக்கும்போது மூட்டில் விழும் உச்சச் சுமை உடல் எடையின் 2.6 மடங்கு, படி ஏறும்போது சுமார் 3.2 மடங்கு; படி இறங்கும்போது சுமார் 3.5 மடங்கு. தோள்பையில் வீணாக ஏற்றிக்கொண்ட ஒவ்வொரு கிலோவையும் இந்தக் கணக்கில் வைத்துப் பாருங்கள். சமைக்கிற சட்டியை ஆளுக்கொன்றாகச் சுமக்காமல் குழுவுக்கு ஒன்றாகக் கொண்டுபோவதே முழங்காலுக்குச் செய்யும் பெரிய உதவி.

என்னிடம் நெடுநாளாக இருப்பது, மைத்துனர் சுவிஸிலிருந்து கொண்டுவந்து தந்த அலுமினிய நடைப்பொல்லு (ஊன்றுகோல்) சோடி. மூன்று துண்டாக நீளும், மடக்கினால் பைக்குள் போகும். பாதயாத்திரையிலும், மலைநாட்டில் யாத்திரிகர் ஏறும் சிவனொளிபாத மலையிலும் ஆண்டுக்கணக்காகப் பயன்பட்டு, மேற்பூச்சு உரிந்து, கைப்பிடித் தக்கை என் உள்ளங்கை அளவுக்குக் குழிந்துவிட்டது. இன்னும் உறுதியாக நிற்கிறது. நீளத்தைப் பூட்டும் முறையில் இரண்டு வகை உண்டு: முறுக்கிப் பூட்டுவது, நெம்பை மடக்கிப் பூட்டுவது. எங்கள் பாதைக்கு நெம்பு வகைதான் சரி. உகந்தைக் கடற்கரை மணல் முறுக்குப் பூட்டுக்குள் போய்விட்டால் அது பிடிக்காது. பாரம் போட்டவுடன் பொல்லு சரசரவென்று உள்ளே இறங்கிவிடும். இறக்கத்தில் அப்படி நடந்தால் முகம்குப்புற விழவேண்டியதுதான். நெம்பு வகையில் திருகாணி தளரும், அவ்வளவே. ஒரு நாணயத்தால் இறுக்கிக்கொள்ளலாம். ஆற்றைக் கடந்த நாளில் மூன்று துண்டையும் கழற்றித் துடைத்துக் காயவைப்பேன். இத்தனை ஆண்டுகளாக நான் செய்த பராமரிப்பு இவ்வளவுதான்.

நீளம் முக்கியம். சமதரையில் முழங்கை செங்கோணமாக மடியும் உயரம் போதும். இறக்கம் தொடங்கும் இடத்தில் நின்று ஐந்து முதல் பத்து சென்ரிமீற்றர் வரை கூட்டவேண்டும். கூட்டாமல் இறங்கினால் பொல்லைத் தரையில் ஊன்ற முன்பக்கம் குனிய நேரிடும். முதுகு நோகும், முழங்காலுக்குப் பயனும் இல்லை. கைவாருக்குள் கையைக் கீழிருந்து மேலாக நுழைத்து, வாரையும் பிடியையும் சேர்த்துப் பிடித்தால் பாரம் வாரில் இறங்கும், விரல்களை இறுக்கவேண்டியதில்லை. இரண்டு பொல்லையும் கீழ்ப்படியில் முதலில் ஊன்றி, பாரத்தைக் கைகளுக்குக் கொடுத்துவிட்டுக் காலை வைக்கவேண்டும். காலை வைத்துவிட்டுப் பொல்லை ஊன்றுபவருக்கு அது வெறும் சுமை. ஆஸ்திரிய ஆய்வாளர்கள் 1999இல் வெளியிட்ட ஆய்வில், 25 பாகைச் சரிவில் இரண்டு பொல்லோடு இறங்கியவர்களுக்கு முழங்கால் மூட்டுச் சுமை 12 முதல் 25 சதவீதம் வரை குறைந்திருந்தது. ஒவ்வொரு படியிலும் அவ்வளவு குறைந்தால், அடிவாரத்துக்கு வரும்போது கால் நடுங்குவதும் நடுங்காததுமான வித்தியாசம் அதில்தான் இருக்கிறது.

நுனி றப்பரைப் பற்றி யாரும் சொல்வதில்லை. தார் வீதியிலும் சீமெந்துப் படியிலும் உலோக நுனி வழுக்கும், சத்தமும் போடும். றப்பர்க் குமிழ் கட்டாயம். கிழக்குக் கரை வீதியில் நடந்து முடிவதற்குள் குமிழின் ஒரு பக்கம் தேய்ந்து, நகத்தைச் சாய்த்து வெட்டியதுபோல் ஆகிவிடும். அந்தச் சாய்ந்த பக்கம் படியில் முழுதாகப் பதியாது. பொத்துவிலில் ஒருமுறை கவிழ்த்துப் பார்த்து, உள்ளே உலோகம் தெரியத் தொடங்கியிருந்தால் மாற்றிவிடுங்கள். காட்டுக்குள் மாற்றுக் கிடைக்காது. மணலுக்கு வேறு ஏற்பாடு: நுனிக்கு மேலே பொருத்தும் அகன்ற வட்டத்தட்டு. அது இல்லாவிட்டால் பொல்லு முழ ஆழம் புதையும். குமண, யால காடுகளுக்கு இடையே ஓடும் கும்புக்கன் ஆற்றில் தண்ணீரின் ஆழத்தை முன்னால் தட்டிப் பார்க்கவும் அதே பொல்லுதான் உதவுகிறது.

இவ்வளவு விலை கொடுத்து வாங்கத்தான் வேண்டுமா என்று கேட்பார்கள். வேண்டாம். முள்ளியவளைப் பக்கத்து முதியவர் ஒருவர், மார்பளவு உயரமான ஒற்றைப் பொல்லோடு ஆண்டுதோறும் எங்கள் குழுவில் வருவார். "சாமி, முருகன் ஒரு வேல்தானே வைத்திருக்கிறான், உங்களுக்கு ஏன் இரண்டு?" என்று கேட்டார். "இறங்கும்போது மட்டும் பிடித்துப் பாருங்கள் ஐயா" என்று சோடியை அவரிடம் கொடுத்தேன். திருகோணமலைக் கோணேசர் கோவில் பாறையிலிருந்து அவர் நிமிர்ந்தபடி இறங்கி வந்தார். அடுத்த ஆண்டு தம் வளவுப் பூவரசில் இரண்டு தடி வெட்டிச் சீவி, நிழலில் காயவைத்துக் கொண்டுவந்திருந்தார். பிடிக்குப் பழைய சைக்கிள் ரியூபை நாடாவாக வெட்டிச் சுற்றியிருந்தார். நுனியில் பாமசியில் விற்கும் ஊன்றுகோல் றப்பர். நீளத்தைக் கூட்ட முடியாது என்பது ஒன்றே குறை. அதற்கும் அவர் ரியூபை இரண்டு இடத்தில் சுற்றி வைத்திருந்தார்: ஏற்றத்துக்குக் கீழ்ப்பிடி, இறக்கத்துக்கு மேற்பிடி. இதைவிடச் சிறந்த யோசனையை நான் எந்தக் கடையிலும் பார்க்கவில்லை. கிளுவைத் தடி பாரமில்லை என்று எடுப்பவர்கள் உண்டு, அது நம்பத்தக்கதல்ல. முதிரை உறுதியானது, ஆனால் ஒரு நாள் தூக்கினாலே தோள் சொல்லிவிடும்.

முழங்கால் உறை பற்றி என் மதிப்பீடு அவ்வளவு உயர்வானதல்ல. இறுக்கமான றப்பர்த் துணி உறை மூட்டுக்குச் சூடு தரும். மூட்டு எங்கே வளைகிறது என்ற உணர்வைக் கூட்டும். மனத்துக்குத் தைரியம் தரும். பாரத்தை அது தாங்காது. சிவனொளிபாத மலைக் குளிரில் எனக்கு அது பிடித்தது. ஆனி மாதத்து மட்டக்களப்பு வெயிலிலோ, முழங்காலுக்குப் பின்புற மடிப்பில் வியர்வை தேங்கி, உறையின் ஓரம் சுருண்டு, தோல் சிவந்து எரிந்தது. அதனால் நாள் முழுதும் போட்டு நடப்பதில்லை. சரிவுக்கு முன் போட்டு, அடிவாரத்தில் கழற்றிவிடுகிறேன். இரவில் போட்டபடி தூங்கவே கூடாது. வாங்கும்போது தொடையின் சுற்றளவை நாடாவால் அளந்து வாங்குங்கள். கெண்டைக்கால் வீங்கினாலோ மரத்தாலோ அது சிறிது. கையால் துவைத்து நிழலில் காயவைத்தும் அதன் இழுவை பொல்லின் ஆயுளில் சிறு பங்குகூட நிற்கவில்லை.

வலி மாத்திரை விடயத்தில் எனக்குக் கடுமையான கருத்து உண்டு. இறங்குவதற்கு முன் மாத்திரை போட்டு வலியை மறைத்தால், நிறுத்தச் சொல்லி மூட்டு தரும் எச்சரிக்கையும் சேர்ந்து மறைந்துவிடும். அதைவிடப் பெரிய ஆபத்து சிறுநீரகத்துக்கு. டைக்குளோபினாக், இபுபுறூபன் வகை மாத்திரைகளை உடலில் நீர் வற்றிய நிலையில் தொடர்ந்து எடுப்பது சிறுநீரகத்தைப் பாதிக்கும். வட மத்திய மாகாணத்திலும் வவுனியாவின் சில பகுதிகளிலும் நாட்பட்ட சிறுநீரக நோய் எத்தனை குடும்பங்களை வாட்டுகிறது என்பதை அருகிலிருந்து பார்த்தவர்கள் நாங்கள். காட்டுப் பாதையில் தண்ணீரை அளந்து குடிக்கும் நாட்களில் அந்த மாத்திரையைத் தொடாதீர்கள். நல்லெண்ணெய் தடவித் தேய்ப்பதும், காலைச் சற்று உயர்த்தி வைத்துப் படுப்பதும் போதும். மூட்டு வீங்கிச் சூடாக இருந்தால் மருத்துவரிடம்தான் போகவேண்டும்.

இனி, பணம் செலவில்லாததும் எல்லாவற்றிலும் அதிகம் உதவியதுமான குளக்கட்டு. மலை இல்லாத எங்களுக்கு முன்னோர் கட்டித் தந்த சரிவுகள் இவை: இரணைமடு, முத்தையன்கட்டு, வவுனிக்குளம், அக்கராயன். நான் பழகுவது எங்கள் ஊர்ச் சிறு குளத்தின் கட்டில். வெயில் தாழ்ந்தபின், மாடுகள் இறங்கித் தேய்ந்த ஒற்றையடிச் சரிவில் ஏறி, மெதுவாக இறங்குவேன். ஏறுவதைக் கணக்கில் எடுப்பதில்லை, இறங்குவதுதான் பயிற்சி. குறுகிய அடி வைத்து, முழங்காலை விறைப்பாக நீட்டாமல் சற்று மடித்தபடி, பாதத்தை ஓங்கி வைக்காமல், மூன்று எண்ணும் நேரத்தில் ஓர் அடி. சரிவு செங்குத்தாக இருந்தால் பாம்பு வளைவாகக் குறுக்கே இறங்குவேன். துருசில், அதாவது மதகில், படிகள் இருந்தால் இன்னும் நல்லது: ஒற்றைக் காலில் நின்று மற்றக் குதிக்காலால் கீழ்ப்படியைத் தொட்டு மீளலாம். கல் பரவிய நீர்ப்பக்கம் வேண்டாம், பாசி வழுக்கும்.

முதல் மாலைக்குப் பிறகு தொடை நோகும். ஒன்றிரண்டு நாளில் அது உச்சத்துக்கு வரும். பயப்படவேண்டாம். நீண்டுகொண்டே பாரம் தாங்கப் பழகாத தசை அப்படித்தான் நோகும். ஒருமுறை நொந்து ஆறிய தசை, அடுத்த சில வாரங்களுக்கு அதே வேலைக்கு அவ்வளவு நோகாது. இது உடற்பயிற்சி மருத்துவத்தில் நன்கு அறியப்பட்ட விடயம். இதிலிருந்து எங்களுக்கு இரண்டு பாடம். புறப்படுவதற்கு முந்திய நாட்களில் புதிதாகப் பயிற்சி தொடங்கக் கூடாது. மற்றது, பாதயாத்திரை ஒரு மாதத்துக்கும் மேல் நீள்வதால், வன்னியில் சேர்த்த பழக்கம் கதிர்காமம் போய்ச் சேருமுன் கரைந்துவிடலாம். ஆகையால் வழியில் எங்காவது குளக்கட்டோ படிவரிசையோ கண்டால் பையை இறக்கி வைத்துவிட்டுச் சிறிது நேரம் இறங்கிப் பழகுகிறேன். கோணேசர் கோவிலும் உகந்தை மலைப்பாறையும் அதற்கென்றே வழியில் அமைந்தவை.

கதிரமலையில் வெயில் ஏறுமுன் இறங்கிவிடுங்கள். நேர்த்திக்கடனாக வெறுங்காலில் வருபவர்கள் பலர். சூடேறிய தரையில் அவசரமாக அடி வைக்கும்போதுதான் மூட்டு அடிபடுகிறது. முழங்கால் வீங்கியவர்களுக்கு ஜீப் இருக்கிறது, அதில் இறங்குவதால் யாத்திரையின் பலன் குறையாது. 2,243 மீற்றர் உயரமான சிவனொளிபாத மலையின் சிக்கல் வேறு. நல்லதண்ணி ஊர்ப் பக்கத்துப் பாதையில் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட படிகள், ஒவ்வொன்றும் ஒவ்வோர் உயரம். சூரியன் உதித்ததும் கூட்டம் முழுவதும் ஒரே நேரத்தில் கீழே பாய்கிறது. உச்சியில் குளிரில் உட்கார்ந்து விறைத்த கால்களோடு அந்த நெரிசலில் சேராமல், காலை உதறி, நின்ற இடத்திலேயே சிறிது மிதித்துச் சூடாக்கிக்கொண்டு, ஓரக் கைப்பிடியைப் பற்றி இறங்குங்கள்.

ஒரு முழங்காலில் மட்டும் நோவு இருப்பவர்கள் ஒற்றைப் பொல்லை எதிர்க் கையில் பிடிக்கவேண்டும்; இடது முழங்கால் நொந்தால் வலது கையில். ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது பொல்லும் நொந்த காலும் முதலில். போரில் ஒரு காலை இழந்து பொய்க்காலோடு நடந்து வரும் சகோதரர்கள் எங்கள் குழுக்களில் இருக்கிறார்கள். அவர்களுக்கும் இதே ஒழுங்குதான்: இறங்கும்போது பொய்க்கால் முதலில். ஆனால் அப்போது பாரத்தைத் தாங்கி இறக்குவது மற்றக் காலின் முழங்கால். ஆகவே அவர்களுக்கு இரண்டு பொல்லும் கைப்பிடியுள்ள பக்கமும் கட்டாயம். அவர்களுடைய தோள்பையை அடிவாரம் வரை மற்றவர்கள் மாறி மாறிச் சுமப்பது எங்கள் குழுவில் வழக்கமாகிவிட்டது. பின்னால் வருபவர் இரண்டு படி இடைவெளி விட்டு வருகிறார், முன்னால் ஒருவர் வேகத்தைக் கட்டுப்படுத்தி இறங்குகிறார்.