ஆர்கானிக் கெமிஸ்ட்ரி பாக்கி: இப்போதே யு.சி.க்குப் போவதா, இன்னொரு வருடம் இருப்பதா?

கலிபோர்னியாவில் கம்யூனிட்டி காலேஜில் (பட்டப் படிப்பின் முதல் இரண்டு வருடப் பாடங்களை நடத்தும் கல்லூரி) 60 யூனிட் (பாடங்களுக்குத் தரும் அளவுக் கணக்கு) சேர்த்துவிட்டால் பல்கலைக்கழகத்தில் நேராக மூன்றாம் ஆண்டில் சேரலாம். பொருளாதாரம், வரலாறு படிக்கிறவர்களுக்கு இந்த இரண்டு வருடக் கணக்கு பெரும்பாலும் சரியாக வந்துவிடும். இடிப்பது உயிரியல், வேதியியல் பக்கம் போகிறவர்களுக்குத்தான். 60 யூனிட் கையில் இருக்கும். ஆனால் ஆர்கானிக் கெமிஸ்ட்ரியில் (கரிம வேதியியல்) பாதி பாக்கி, இயற்பியல் தொடவே இல்லை. யு.சி. எனப்படும், பல வளாகங்கள் கொண்ட கலிபோர்னியா பல்கலைக்கழகத்துக்கான விண்ணப்பத்துக்கோ நவம்பர் கடைசியில் கெடு.

பிள்ளை கவனமில்லாமல் இருந்துவிட்டதாக வீட்டில் நினைப்பார்கள். பெரும்பாலும் அப்படி இல்லை. பொது வேதியியல் இரண்டு செமஸ்டர். அதை முடித்தால்தான் ஆர்கானிக். அதுவும் இரண்டு செமஸ்டர். நான்கையும் ஒன்றன்பின் ஒன்றாகத்தான் எடுக்க முடியும். அதனால் முதல் செமஸ்டரிலேயே பொது வேதியியலில் உட்கார்ந்தவருக்கு மட்டுமே இரண்டு வருடம் போதும். அறிமுக வேதியியலில் தொடங்கியவர், லேபில் இடம் கிடைக்காமல் வெயிட்லிஸ்டில் நின்றவர், ஒரு தடவை பாடத்தைக் கைவிட்டவர் எல்லோருக்கும் அங்கேயே ஒரு செமஸ்டர் போய்விடும். இயற்பியலும் இதே கதைதான்: கால்குலஸ் முடிக்காமல் கால்குலஸ் சார்ந்த இயற்பியலுக்குள் விடமாட்டார்கள்.

முதல் வழி, பாக்கியோடு போய்விடுவது. அதற்கு முன் ஒன்றைப் பார்த்தே ஆகவேண்டும். நீங்கள் போக நினைக்கும் துறை, அந்தப் பாடத்தைச் சேர்க்கைக்குக் கட்டாயம் என்கிறதா, முடித்திருந்தால் நல்லது என்று மட்டும் சொல்கிறதா? ஒரே உயிரியல் பட்டத்துக்கு இது வளாகத்துக்கு வளாகம் மாறும். கட்டாயம் என்று இருந்தால், சேருவதற்கு முந்தைய வசந்த செமஸ்டருக்குள் முடிக்க முடியாதவர் அந்த வளாகத்தை இந்த வருடம் நம்பி இருக்க வேண்டாம்.

கட்டாயம் இல்லை, இடமும் கிடைத்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். உயிர்வேதியியலுக்கு ஆர்கானிக் வேண்டும். மூன்றாம், நான்காம் ஆண்டுப் பாடங்களில் பல உயிர்வேதியியலைக் கேட்கும். குவார்ட்டர் முறை வளாகத்தில் (வருடத்தை இரண்டு செமஸ்டருக்குப் பதில் மூன்று பருவமாகப் பிரிப்பது) உங்களுக்கு இருப்பது மொத்தம் ஆறு குவார்ட்டர். அதில் முதல் இரண்டு மூன்றை ஆர்கானிக் விழுங்கிவிட்டால், துறைப் பாடங்கள் எல்லாம் கடைசி வருடத்தில் வந்து குவியும். இரண்டு வருடத்தில் முடிய வேண்டியது மூன்றாக நீளும். யு.சி.யில் ஒரு வருடத்துக்குக் கல்விக் கட்டணம் மட்டுமே கலிபோர்னியாவாசிக்கு 15,000 டாலர் அளவுக்கு வருகிறது. வாடகை, சாப்பாடு எல்லாம் தனி.

இதைவிட மோசமான சிக்கல் பாதி முடித்த பாடத்தில் இருக்கிறது. எந்தக் காலேஜ் பாடம் எந்தப் பல்கலைக்கழகப் பாடத்துக்கு ஈடு என்று காட்டும் அசிஸ்ட் இணையதளத்தில் உங்கள் காலேஜையும் போகப்போகும் வளாகத்தையும் தேர்ந்தெடுத்துப் பாருங்கள். ஒரு பக்கம் யு.சி.யின் ஆர்கானிக் பாடங்கள், மறுபக்கம் உங்கள் காலேஜின் இரண்டு பாடங்கள். பல இடங்களில் அந்த இரண்டுக்கும் நடுவே "மற்றும்" என்று போட்டுச் சேர்த்துக் கட்டியிருப்பார்கள். இரண்டையும் முடித்தால் அங்கே முழுத் தொடருக்கும் ஈடு. ஒன்றை மட்டும் முடித்தால் என்ன கிடைக்கும் என்பது துறையின் முடிவு. யு.சி.யில் பெர்க்லியும் மெர்செடும் செமஸ்டர் முறை, மற்ற வளாகங்கள் குவார்ட்டர். உங்கள் அரைத் தொடர், அதாவது ஒரு செமஸ்டர் பாடம், குவார்ட்டர் வளாகத்தில் ஒன்றரைப் பாடத்துக்குச் சமம். அந்த அரையை எங்கே வைப்பது? படித்ததையே முதலிலிருந்து மறுபடி படிக்க வேண்டி வரலாம். டி ஆன்சா, ஃபுட்ஹில் போல குவார்ட்டர் முறையில் நடக்கும் காலேஜ்களில் இந்த இடைஞ்சல் கொஞ்சம் குறைவு. ஆனாலும் தொடரை ஒரே இடத்தில் முடிப்பதுதான் நல்லது.

பாக்கி இருப்பது இயற்பியலின் இரண்டாம் பாதி மட்டும் என்றால் நிலைமையே வேறு. உயிரியலில் அதை நம்பி நிற்கும் மேல்நிலைப் பாடங்கள் குறைவு. போன இடத்தில் துறைப் பாடங்களோடு சேர்த்தே எடுத்துக்கொள்ளலாம். எத்தனை பாடம் பாக்கி என்று எண்ணுவதில் பயனில்லை. எந்தப் பாடம் பாக்கி, அதன் பின்னால் எத்தனை பாடம் காத்து நிற்கிறது என்பதுதான் கேள்வி. ஆர்கானிக் பாக்கி என்றால் நான் இருக்கத்தான் சொல்வேன். இயற்பியலின் வால் மட்டும் பாக்கி என்றால், கிளம்புங்கள்.

இருந்தால் என்ன செலவு? கம்யூனிட்டி காலேஜில் மாநிலவாசிக்கு யூனிட்டுக்கு 46 டாலர். வருடத்துக்கு 24 யூனிட் எடுத்தாலும் 1,104 டாலர்தான். வருமானம் குறைந்த குடும்பங்களுக்கு அந்தக் கட்டணமும் தள்ளுபடி ஆகும். யு.சி.யில் கூடுதலாக ஒரு வருடம் இருப்பதோடு இதை வைத்துப் பார்த்தால் ஒப்பிடவே வேண்டியதில்லை. 70 யூனிட்டுக்கு மேல் போனால் யு.சி. ஏற்காது என்று ஒரு பயம் மாணவர்களிடையே உண்டு. கம்யூனிட்டி காலேஜ் யூனிட்டுகளில் 70 வரைதான் பட்டக் கணக்கில் சேரும் என்பது உண்மை. அதற்கு மேல் படித்த பாடமும் முடித்த பாடமாகவே ஏற்கப்படும். சேர்க்கைக்கும் அது தடை இல்லை. நிஜமாகக் கவனிக்க வேண்டியவை வேறு இரண்டு. 100 யூனிட்டைத் தாண்டினால் பாடப் பதிவில் முன்னுரிமை போய்விடும். லேப் இடத்துக்கு அடித்துக்கொள்ளும் காலேஜில் அது பெரிய அடி. பெல் என்ற மத்திய அரசு உதவித்தொகை வாங்குகிறவர்களுக்கு வாழ்நாள் மொத்தமே 12 முழுநேர செமஸ்டர்தான்.

இருப்பதில் ஒரு குறையும் உண்டு. யு.சி. வளாகங்களில் பெரும்பாலானவை இப்படிக் காலேஜிலிருந்து மாறி வரும் டிரான்ஸ்ஃபர் மாணவர்களை இலையுதிர் பருவத்தில் மட்டுமே சேர்க்கின்றன. ஒரு செமஸ்டர் பாக்கிக்காக முழு வருடம் காத்திருக்க வேண்டும். அந்த மிச்ச நேரத்தில் இயற்பியலையும் புள்ளியியலையும் முடித்துவிட்டால் வருடம் வீணாகாது. எஃப்-1 மாணவர் விசாவில் இருப்பவர்களுக்கு மட்டும் இந்தக் கணக்கு மாறும்: வெளியாருக்கான கட்டணம் பல மடங்கு, அதோடு ஒவ்வொரு செமஸ்டரிலும் 12 யூனிட் எடுத்தே ஆகவேண்டும்.

கோடையில் முடித்துவிடலாம் என்று பலரும் சொல்வார்கள். ஒரு யூனிட்டுக்கு வகுப்பும் வீட்டுப் படிப்புமாகக் குறைந்தது 48 மணி நேரம் என்பது கலிபோர்னியாவின் விதி. 5 யூனிட் ஆர்கானிக் என்றால் 240 மணி நேரம். ஆறு வாரக் கோடை வகுப்பில் அது வாரத்துக்கு 40 மணி நேரம், அதுவும் குறைந்தபட்சக் கணக்கில். வேலைக்குப் போய்க்கொண்டே இதைச் செய்யலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். முதல் வருடத்துக்கும் இரண்டாம் வருடத்துக்கும் நடுவில் வரும் கோடை என்றால் முயன்று பார்க்கலாம். கிளம்பப்போகும் கோடையில் எடுக்கும் பாடத்தைச் சேர்க்கைக்குப் பல துறைகள் கணக்கிலேயே எடுப்பதில்லை.

யு.சி.தான் வேண்டும் என்ற பிடிவாதம் இல்லையென்றால் கலிபோர்னியா ஸ்டேட் பல்கலைக்கழகத்தையும் பாருங்கள். அங்கே கல்விக் கட்டணம் யு.சி.யில் பாதிகூட இல்லை. பெரும்பாலும் செமஸ்டர் முறை என்பதால் உங்கள் செமஸ்டர் பாடங்கள் அங்கே சுலபமாகப் பொருந்தும். சில வளாகங்கள் வசந்தத்திலும் சேர்க்கும். ஒரு பாடத்துக்காக ஒரு வருடம் போகாது. 2010 சட்டத்தின்படி வந்த டிரான்ஸ்ஃபர் அசோசியேட் பட்டத்தை (கம்யூனிட்டி காலேஜ் தரும் இரண்டு வருடப் பட்டம்) முடித்தால் ஏதாவது ஒரு வளாகத்தில் இடம் நிச்சயம். சான் டியாகோ, லாங் பீச் மாதிரி நெரிசலான இடமே கிடைக்கும் என்று உறுதி இல்லை. ஆய்வுப் படிப்பு எண்ணம் இல்லாமல் மருத்துவ ஆய்வகம், செவிலியர், ஆசிரியர் பக்கம் போகிறவர்களுக்கு நான் முதலில் காட்டுவது இதைத்தான்.

எந்த வழியில் போனாலும், விண்ணப்பத்தில் வசந்த செமஸ்டருக்கென்று எழுதிய பாடங்கள் வாக்குறுதி மாதிரி. ஜனவரியில் யு.சி. கேட்கும் புதுப்பிப்பில் இலையுதிர் மதிப்பெண்களையும் பாட மாற்றங்களையும் ஒளிக்காமல் எழுதுங்கள். அதற்கப்புறம் மார்ச்சில் ஆர்கானிக்கைக் கைவிட நேர்ந்தால், அந்த வாரமே சேர்க்கை அலுவலகத்துக்குத் தெரிவித்துவிடுங்கள். அப்போது சொன்னால் வேறு பாடம் வைத்துச் சமாளிக்க வழி இருக்கலாம். ஜூலையில் மதிப்பெண் பட்டியலைப் பார்த்து அவர்களே கண்டுபிடித்தால், கொடுத்த இடத்தையே ரத்து செய்ய அவர்களுக்கு உரிமை உண்டு.