ஒன்றரை அங்குலம் பற்றாத தொட்டி: பழைய பொலிரோ பிக்கப்பா, புது மேக்ஸா?

காசிமேட்டில் விடியக்காலை ஏலம் சூடுபிடிக்கும் நேரத்தில், உங்கள் வண்டி எந்த வருஷத்து மாடல் என்று எவரும் கேட்பதில்லை. ஐஸ் கரைவதற்குள் பெட்டி சிந்தாதிரிப்பேட்டைக்கோ வானகரத்துக்கோ போய்ச் சேருமா, அவ்வளவுதான் கேள்வி. ஆறு வருஷம் வாடகை வண்டியில் மீன் அனுப்பிய பிறகு, இனி சொந்த வண்டிதான் என்று வீட்டில் முடிவானது. எனக்குப் பழைய பொலிரோ பிக்கப் மேல் கண். மாதவரத்தில் மளிகைச் சரக்கு அடிக்கும் என் மச்சானோ, "இன்னும் எத்தினி நாளைக்கு மாமா அந்த டப்பாவ கட்டிக்கினு அழுவீங்க? புது மேக்ஸ் எடுங்க" என்று ஒற்றைக்காலில் நின்றான்.

ஆக, ஒரு பக்கம் 2018-ம் வருஷத்து பிஎஸ்-4 வண்டி (பழைய புகை விதிப்படி வந்தது), 1.7 டன் ரகம், செகண்ட்ஸ். இன்னொரு பக்கம் 2023 ஏப்ரலில் மஹிந்திரா புதுசாக வடிவமைத்து வரிசையாக இறக்கிய பொலிரோ மேக்ஸ் பிக்கப். மேக்ஸ் என்பது ஒரே வண்டி இல்லை. சிட்டி என்று ஒரு வரிசை, எச்.டி. என்று ஒரு வரிசை. சிட்டியில் 1.3 முதல் 1.5 டன் வரை ஏற்றலாம், எச்.டி.யில் 1.3, 1.7, 2 டன். இது தெரியாமல் ஷோரூமுக்குள் நுழைந்தால் தொட்டியின் நீளத்தைப் பார்த்து மயங்கிவிடுவோம். நான் மயங்கினேன்.

எஞ்சினில் பெரிய சண்டைக்கு இடமில்லை. இரண்டிலும் இரண்டரை லிட்டர், நாலு சிலிண்டர் டீசல்தான். மேக்ஸில் ரகத்தைப் பொறுத்து 71 குதிரைச்சக்தி, 200 நியூட்டன் மீட்டர் இழுவை. இல்லாவிட்டால் 81-ம் 220-ம். எண்ணூர் விரைவுச் சாலையில் கன்டெய்னர் டிரெய்லர்களின் வாலைப் பிடித்து முதல் கியரில் ஊர்கிறவனுக்கு அந்தக் கூடுதல் பத்துக் குதிரை எங்கே ஓடப்போகிறது? லைசென்ஸிலும் பேதமில்லை. 7,500 கிலோவுக்கு உட்பட்ட சரக்கு வண்டிக்குச் சாதாரண கார் லைசென்ஸே போதும் என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வே சொல்லிவிட்டது.

வித்தியாசம் இருப்பது புகைக்குழாயில். 2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பிஎஸ்-6 டீசல் வண்டிகளில் கரியைப் பிடித்து வைக்கும் வடிகட்டி ஒன்று இருக்கும். குழாய் நன்றாகச் சூடேறினால் சேர்ந்த கரி தானே எரிந்துபோகும். சூடேற வேண்டுமென்றால் வண்டி கொஞ்ச தூரம் நிற்காமல் ஓடணும். காசிமேட்டிலிருந்து ராயபுரம், அங்கே அரைமணி நேரம் இறக்கம், திரும்பி ஐஸ் கம்பெனி வாசலில் வரிசை. இப்படி ஓடுகிற வண்டியில் கரி எங்கே எரியும்? வேறொரு கம்பெனியின் பிஎஸ்-6 வண்டி வைத்திருக்கும் சிநேகிதர் ஒருவருக்கு டேஷ்போர்டில் மஞ்சள் விளக்கு எரிந்து, வண்டி தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொண்டு, மூலக்கொத்தளம் தாண்டுவதற்குள் வஞ்சிரம் பாதி விலைக்கு வந்துவிட்டது. அவர் இப்போது வாரம் ஒருநாள் காலி வண்டியை மீஞ்சூர் வரைக்கும் ஒரே மூச்சில் ஓட்டிவிட்டு வருகிறார், மாட்டை மேய்ச்சலுக்கு ஓட்டிப் போகிற மாதிரி. பிஎஸ்-4 வண்டிக்கு இந்தத் தொல்லை கிடையாது.

இனி தொட்டி. நான் ரொம்ப நேரம் செலவழித்தது இங்கேதான்.

எங்கள் பிளாஸ்டிக் மீன்பெட்டி 60-க்கு 40 சென்டிமீட்டர். பழைய 1.7 டன் வண்டியின் தொட்டி 2,765 மில்லிமீட்டர் நீளம், அதாவது ஒன்பது அடி. குறுக்கே நாலு பெட்டி, நீளவாக்கில் நாலு வரிசை. ஓர் அடுக்குக்கு 16. பின்னால் 365 மில்லிமீட்டர் மிச்சம். பெட்டியைத் திருப்பி வைத்து ஐந்தாவது வரிசை போடலாம் என்றால் 400 வேண்டும். ஒன்றரை அங்குலம் கூட இல்லை, அந்தக் குறைக்காக ஒரு வரிசையே போகிறது. டேப்பை வைத்து மூன்று தடவை அளந்தேன். இரும்பு வளரவில்லை.

மேக்ஸில் நீளமான தொட்டி 3,050 மில்லிமீட்டர், பத்து அடி. ஐந்து வரிசை கச்சிதமாக உட்காரும், அடுக்குக்கு 20. ஷோரூம் தம்பி முதலில் காட்டியது ஒரு 1.3 டன் ரகம். பத்து அடித் தொட்டி, விலையும் குறைவு. "அடுக்குக்கு நாலு பெட்டி எக்ஸ்ட்ரா சார்" என்றார். கணக்கு அங்கேதான் இடித்தது. ஐஸோடு நிறைந்த பெட்டி ஏறக்குறைய 30 கிலோ. அந்த வண்டி தாங்குவது 1.3 டன், 43 பெட்டியோடு சரி. பழைய 1.7 டன் வண்டி ஒன்பது அடியிலேயே 56 பெட்டி தாங்கும். நீளம் கூடிய வண்டியில் 13 பெட்டி குறைவு! இடம் இருக்கிறதே என்று கூட ஏற்றினால், மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019 திருத்தப்படி அதிக பாரத்துக்கு அபராதம் 20,000 ரூபாய், அதன்மேல் கூடுதல் டன்னுக்கு 2,000. ஒரு நாள் மாட்டினால் அந்த மாத லாபம் அம்போ.

எச்.டி.யில் பத்து அடித் தொட்டியும் 1.7 டன்னும் சேர்ந்து வருகிற ரகம் இருக்கிறது. அதிலும் 56 பெட்டிதான். ஆனால் பழையதில் மூன்று அடுக்கு போட்டு நாலாவது அடுக்கில் எட்டுப் பெட்டி ஏற வேண்டும். இதில் மூன்றாவது அடுக்கே நிறையாது. பாரம் தாழ்வாக உட்காரும், வளைவில் ஆடாது, மேல் பெட்டியை எட்டிப் பிடிக்க ஆள் தொட்டிமேல் ஏற வேண்டாம். உண்மையைச் சொன்னால், புது வண்டி என்னை அசைத்தது இந்த ஒரு இடத்தில்தான். உயரம் மாற்றும் டிரைவர் சீட், திரும்பும் பக்கம் வெளிச்சம் அடிக்கும் விளக்கு, வண்டி எங்கே நிற்கிறது என்று போனில் காட்டும் ஐமேக்ஸ் வசதி எல்லாம் உண்டு. கடைசிச் சமாச்சாரம் மச்சானுக்கு உயிர், டிரைவருக்கு எமன்.

அடுத்தது துரு. வடசென்னையில் வண்டி வாங்குகிறவர்கள் எஞ்சினைவிட அடிப்பாகத்தைப் பார்ப்பதற்குக் காரணம் கடற்காற்று மட்டும் இல்லை. மீனோடு வருகிற உப்புத்தண்ணி ஐஸ் தண்ணியோடு கலந்து தொட்டியின் மூலைகள் வழியாகச் சொட்டுச் சொட்டாக வண்டியின் அடிச்சட்டமான சேஸியில் இறங்கும். வாசனையை விடுங்கள், இரும்பையே தின்றுவிடும். புது வண்டிக்கும் இதே கதிதான். 3 வருஷம் அல்லது 1 லட்சம் கிலோமீட்டர் வாரன்டி என்றாலும், மீன் தண்ணி தின்ற தொட்டிக்கு யார் பொறுப்பேற்பார்கள்?

முதலில் பார்த்த 2018 வண்டிக்கு 4.90 லட்சம் சொன்னார்கள். பளபளவென்று புதுப் பெயின்ட். தண்டையார்பேட்டை பட்டறையிலிருந்து மெக்கானிக் பாயை அழைத்துப் போயிருந்தேன். அவர் பானெட்டைத் திறக்கவே இல்லை. வண்டிக்கு அடியில் மல்லாந்து படுத்து, ஸ்பேனரால் சேஸியைத் தட்டிக்கொண்டே பின்னால் நகர்ந்தார். டங், டங், டங். பின் கமான் பட்டை மாட்டியிருக்கும் இடம் வந்ததும் சத்தம் 'தொப்' என்றது. ஸ்க்ரூடிரைவரை வைத்து அழுத்தினார். பெயின்ட்டோடு ஒரு பொருக்கு, அப்பளம் மாதிரி, அவர் நெஞ்சில் விழுந்தது. வெளியே வந்து டிரைவர் சீட் பெல்ட்டை முழுசாக வெளியே இழுக்கச் சொன்னார். முதல் முழம் சுத்தம். உருளையில் சுற்றியிருந்த கடைசிப் பகுதியில் பழுப்பு நிறத்தில் சேற்றுக்கோடு.

"தண்ணில நின்ன வண்டி தம்பி இது. வயரிங்லாம் பூட்டுகீது. வா போலாம்."

2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் எங்கள் பக்கம் எத்தனை வண்டி முங்கியது என்று இங்கே இருக்கிறவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. செகண்ட்ஸ் பார்க்கிறவர்கள் அந்தப் பெல்ட்டை இழுக்காமல் டோக்கன் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். பெயின்ட் அடிக்கிறவன் சீட் பெல்ட்டை ஞாபகம் வைப்பதில்லை.

பணக் கணக்குக்கு வருகிறேன். சரக்கு வண்டிகளுக்கான ஜி.எஸ்.டி. 2025 செப்டம்பர் 22 முதல் 28 சதவீதத்திலிருந்து 18 ஆகக் குறைந்தது. "இதவிட நல்ல நேரம் வராது" என்று மச்சான் துள்ளியது அதனால்தான். என் கையில் இரண்டரை லட்சம். எச்.டி. எடுத்தால் 8 லட்சம் கடன். 11 சதவீதம் வட்டி, 48 மாதம், டியூ ஏறக்குறைய 20,700. நான் நிற்கிற இடம் இது: ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகு கடலுக்குப் போகாது. ஃபைபர் படகு மீனை வைத்துக்கொண்டு டீசலுக்குத்தான் கட்டும். நாலு வருஷத்தில் நாலு தடைக்காலம், எட்டு டியூ. வண்டி சும்மா நிற்கிற நாட்களுக்கு மட்டும் 1,65,000 ரூபாய்க்கு மேல் கட்ட வேண்டும். அந்த இரண்டு மாதம் வெளி லோடு அடிக்கலாமே என்பார்கள். மீன் வாசம் ஏறிய தொட்டியில் அரிசியோ துணியோ ஏற்ற யாராவது சம்மதித்தால் எனக்கும் சொல்லுங்கள்.

பழைய வண்டிக்கும் கடன் இலவசமில்லை. செகண்ட்ஸ் ஃபைனான்ஸில் "பத்து பர்சென்ட்தான் அண்ணே" என்றார்கள். அது ஃப்ளாட் வட்டி, அசல் குறைந்தாலும் கடைசிவரை முழுத் தொகைக்கும் போடுவது. 3 லட்சத்துக்கு மூன்று வருஷம், மாதம் 10,833. குறைகிற அசலுக்குப் போட்டுப் பார்த்தால் 18 சதவீதம். புது வண்டியின் 11 பரவாயில்லை என்று தோன்றும். ஆனால் தடைக்காலத்தில் நகையை வைத்தாவது 10,833 புரட்டிவிடலாம், 20,700 புரட்ட முடியாது. கூடவே, 7 வருஷம் தாண்டிய சரக்கு வண்டிக்குப் பசுமை வரி உண்டு. 8 வருஷம் தாண்டினால், இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை காட்டும் எஃப்.சி.யை (வண்டியின் தகுதிச் சான்று) வருஷா வருஷம் காட்டணும். எஃப்.சி. என்றால் டிங்கரிங், பெயின்ட், நாலு நாள் ஓட்டம் நிற்கும். அதையும் பழைய வண்டியின் விலையில் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

மச்சானுக்கு என் கணக்கு பொருந்தாது. அவன் ஏற்றுவது காய்ந்த சரக்கு, வருஷம் முழுக்க ஓட்டம், செங்குன்றம் தாண்டி நெடுஞ்சாலையில் வண்டி விரட்டினால் கரி வடிகட்டியும் சுத்தமாகும். 20,000 கிலோமீட்டருக்கு ஒரு சர்வீஸ் போதும் என்பது அவனுக்கு லாபம். அவன் மேக்ஸ் எச்.டி.க்கு புக் பண்ணிவிட்டான்.

நான் 2019 பிக்கப் ஒன்றை 5.20-க்கு முடித்தேன். செங்குன்றத்தில் அரிசி மூட்டை ஏற்றிய வண்டி. முதல் வண்டியைவிட முப்பதாயிரம் அதிகம்தான். ஆனால் பாய் அடியில் படுத்துத் தட்டிக்கொண்டு போனபோது கடைசி வரைக்கும் டங் டங்தான். சேஸி இடுக்கில் துருவுக்குப் பதில் தவிட்டுத் தூசு.

இப்போது பட்டறையில் நிற்கிறது. தொட்டித் தரையில் அலுமினிய செக்கர் பிளேட் அடித்து, ஓரமெல்லாம் அடைத்து, பின் மூலையில் இரண்டு ஓட்டை போட்டு, தண்ணி சேஸியில் படாமல் பின்னால் விழ ஒரு குழாய். 38,000 ரூபாய் வேலை. நேற்றுப் பாடி கட்டுகிற மேஸ்திரியிடம் பெட்டிக் கணக்கைச் சொன்னேன்.

"ஒன்றர இஞ்சிதான? பின் டோர கொஞ்சம் வெளிய தள்ளி வுட்டுட்டா முடிஞ்சுது."

"எஃப்.சி.ல டேப்பு வெச்சு அளப்பாங்க மேஸ்திரி. ஆர்.சி.ல இருக்கற அளவு மாறுனா வண்டிய நிறுத்திடுவாங்க."

அவர் பீடியைக் காதில் செருகிக்கொண்டு தொட்டியை ஒரு தடவை, காலிப் பெட்டியை ஒரு தடவை பார்த்தார்.

"அப்ப பெட்டிய சின்னதா வாங்கு."