உள்ளே லைனரா, மேலே விண்ட்சீட்டரா? போடிமெட்டு ஏறுகிறவர்களுக்கு ஓர் ஒப்பீடு

மூணாறுக்கு பைக்கில் போகிறேன், குளிருக்கு ஏதாவது வேண்டும் என்று தேனியிலோ போடியிலோ கடையில் கேட்டால், முதலில் வந்து விழுவது பஞ்சு வைத்த தடித்த ஜெர்கின்தான். எவ்வளவு கனமோ அவ்வளவு கதகதப்பு என்கிற கணக்கு, தோட்டத்தில் நடந்து திரிகிறவருக்குச் சரியாக வரலாம். வண்டியில் உட்கார்ந்திருக்கிறவருக்கு வராது. அவருடைய உடம்பில் இருந்து சூட்டைப் பிடுங்கிக்கொண்டு போவது காற்று. கனடாவும் அமெரிக்காவும் 2001 முதல் பயன்படுத்தும் காற்றுக்குளிர் வாய்பாட்டில் போட்டுப் பார்த்தால், 10 டிகிரிக் காலையில் மணிக்கு 50 கிலோமீட்டர் காற்று வெறும் தோலில் படுவது ஏறத்தாழ ஐந்தரை டிகிரிபோலத் தைக்கும். 5 டிகிரியில் அதே வேகம் என்றால் உறைநிலைக்கும் கீழே போய்விடும். அந்தக் காற்றை நிறுத்த மெல்லிய துணி ஒன்று போதும். அது எந்தத் துணி, அதை எங்கே போடுவது, ஜாக்கெட்டுக்கு உள்ளே மாட்டும் லைனராகவா, மேலே போடும் விண்ட்சீட்டர் என்கிற மெல்லிய காற்றுத்தடுப்பு அங்கியாகவா என்பதில்தான் ஆளுக்கொரு கருத்து.

சாலையைப் பார்த்துவிட்டுத் துணிக்கு வருவோம். போடி கடல்மட்டத்துக்கு மேல் 350 மீட்டர் வாக்கில் இருக்கிறது. மெட்டு, அதாவது தமிழக–கேரள எல்லையில் இருக்கும் போடிமெட்டு, 1,300 மீட்டருக்கும் மேலே. ஆயிரம் மீட்டர் ஏறினால் சராசரியாக ஆறரை டிகிரி குறையும். முந்தல் சோதனைச் சாவடி தாண்டியதும் தொடங்கும் 17 கொண்டை ஊசி வளைவுகளில் வண்டி முப்பதைத் தாண்டுவதே அரிது. அது கிழக்கு பார்த்த சரிவு என்பதால் காலை வெயில் நேராக மேலே விழும். ஆகவே ஏறும்போது குளிராது. சில நாள் வியர்க்கவே செய்யும். மெட்டைத் தாண்டிக் கேரளப் பக்கம் இறங்கிப் பூப்பாறைக்குத் திரும்பினால் எல்லாம் தலைகீழ்: நிழல், மூடுபனி, ஏலத்தோட்ட ஈரம், அதோடு கூடும் வேகம். வியர்த்த சட்டையோடு அந்தக் காற்றுக்குள் போகிறோம். ஒரு கிராம் வியர்வை ஆவியாக ஏறத்தாழ 2.4 கிலோஜூல் வெப்பம் வேண்டும். அதைக் கொடுப்பது நம் உடம்புதான்.

ஒரே காலையில் இரண்டு தட்பவெப்பம் என்பதால், நிமிடத்தில் போட்டு நிமிடத்தில் கழற்ற முடிகிற துணிக்கே என் ஓட்டு. மற்றத் தகுதிகளெல்லாம் இதற்குப் பின்னால் வருபவை.

செலவே இல்லாத வழி சட்டைக்குள் செய்தித்தாள். சிரிக்க வேண்டாம். டூர் தெ பிரான்ஸ் சைக்கிள் வீரர்கள் மலை உச்சியில் செய்தித்தாளை வாங்கி மார்பில் செருகிக்கொண்டு இறங்குவது பழைய வழக்கம். நெஞ்சில் காற்று படாமல் அது தடுக்கும், கொஞ்சம் ஈரத்தையும் உறிஞ்சும். ஆனால் கைகளுக்கும் கழுத்துக்கும் அதனால் பயன் இல்லை. மூடுபனியில் நனைந்தால் கூழாகிவிடும். அவசரத்துக்கு மட்டும்.

அடுத்தது மழைக்கோட்டு. எல்லையோர ஊர்களில் அநேகமாக எல்லா ஸ்கூட்டரிலும் சீட்டுக்கு அடியில் ஒன்று மடங்கிக் கிடக்கும். காற்றையும் நீரையும் முழுக்கத் தடுப்பதில் பி.வி.சி. கோட்டை மிஞ்ச ஒன்றும் இல்லை. வியர்வையையும் அதே நேர்மையோடு உள்ளே பூட்டி வைக்கும் என்பதுதான் கோளாறு. மெட்டில் கழற்றினால் மழையே பெய்யாத நாளில்கூடச் சட்டை நனைந்திருக்கும். தொளதொளவென்று இருப்பதால் காற்றில் படபடத்து, உள்ளே சூடான காற்றைப் பம்பு அடித்ததுபோல் வெளியே தள்ளும். முழங்காலுக்குக் கீழே தொங்கும் நீளக் கோட்டு என்றால் சைலன்ஸரில் பட்டு உருகும், சக்கரத்தில் சிக்கவும் செய்யும். ஜூன் முதல் செப்டம்பர் வரை, போடியில் புழுதிக் காற்றும் மெட்டுக்கு அப்பால் தென்மேற்குப் பருவமழையும் இருக்கும் மாதங்களில், மழைக்கோட்டு இல்லாமல் போகக் கூடாது. ஜனவரியின் வறண்ட குளிருக்கு அதையே நம்புவது வீண்.

ஸ்வெட்டரும், ஃப்ளீஸ் என்கிற பொசுபொசுவென்ற செயற்கைத் துணியும் காற்றைத் தடுப்பவை அல்ல. அவை நிற்கிற காற்றைப் பிடித்து வைத்துச் சூடு காப்பவை. மேலே ஒரு தடுப்பு இல்லாவிட்டால் ஓடும் வண்டியில் சல்லடைதான். தடுப்பு இருந்தால் அதே ஸ்வெட்டர் வேறொரு ஆடையாகிவிடும்.

இனி உண்மையான போட்டிக்கு வரலாம். ரைடிங் ஜாக்கெட் வாங்குகிறவர்களில் பலர் நம் வெயிலுக்காக வலைத்துணி ஜாக்கெட் எடுக்கிறார்கள். அதோடு, உள்ளே ஜிப்பில் மாட்டும் லைனர் ஒன்றோ இரண்டோ சேர்ந்து வரும்: சூட்டுக்கு ஒன்று, மழைக்கும் காற்றுக்கும் ஒன்று. ஏற்கெனவே காசு கொடுத்தாயிற்று, இன்னொன்று எதற்கு என்று தோன்றுவது இயல்பு. லைனருக்கு நல்ல பக்கமும் உண்டு. இறுக்கமான ஜாக்கெட்டுக்குள் இருப்பதால் படபடக்காது, சைலன்ஸரில் படாது, மதுரை–திண்டுக்கல் நான்கு வழிச் சாலையில் தொண்ணூறில் போகிறவருக்கு வேறெதுவும் இதற்கு ஈடாகாது. காற்றின் அழுத்தம் வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடுகிறது. 40இல் இருப்பதைப்போல 60இல் இரண்டேகால் மடங்கு. அந்த அடியில் மேலே போட்ட மெல்லிய துணி கொடியாகப் பறக்கும்.

ஆனால் மலைச்சாலையில் லைனரின் குறைகள் ஒவ்வொன்றாக வெளியே வரும். மாட்ட வேண்டுமென்றால் சாலையோரம் நின்று, கையுறை கழற்றி, ஜாக்கெட்டைக் கழற்றி, மணிக்கட்டுப் பொத்தான் வரை தேடிப் பிடித்துக் கோக்க வேண்டும். குளிரில் விறைத்த விரலுக்கு அந்தச் சின்ன ஜிப் அகப்படாது. அதனால் பலரும் வீட்டிலேயே மாட்டிக்கொண்டு கிளம்பி, வளைவுகளில் வியர்த்து, மெட்டுக்கு அப்பால் அந்த ஈரத்தோடு நடுங்குகிறார்கள். இன்னொன்று, காற்று வலைத்துணியைத் தாண்டி உள்ளே வந்த பிறகுதான் லைனர் அதை நிறுத்துகிறது. மூடுபனியோ தூறலோ பட்டால் வெளி ஜாக்கெட் முழுக்க நனைந்து கனக்கும். அந்த ஈரம் உலர உலர லைனர் வழியாக நம் சூடு போய்க்கொண்டே இருக்கும்.

மேலே போடும் விண்ட்சீட்டர் இதை வாசலிலேயே முடித்துவிடுகிறது. ஜாக்கெட்டுக்குள் தேங்கும் காற்று முழுவதும் நமக்குச் சூடு காக்கும் அடுக்காக மாறுகிறது. மெட்டில் டீ சொல்லிவிட்டு, அது வருவதற்குள் மாட்டி முடிக்கலாம். கழற்றினால் கைக்குள் அடங்கும். மஞ்சளிலோ ஆரஞ்சிலோ எடுத்தால், மூணாறுக்குப் போகும் வழியில் உள்ள கேப் ரோட்டு மூடுபனியில் எதிரே வரும் ஜீப்காரர் கண்ணில் படுவோம். கறுப்பு ஜாக்கெட் போட்டவர்களுக்கு இது ஒன்றே வாங்குவதற்குப் போதுமான காரணம். குறை, அளவு தவறினால் படபடப்பு. அதோடு, விழுந்தால் முதலில் கிழிவது அதுதான். காப்பது உள்ளே இருக்கும் ஜாக்கெட்டும் அதன் முழங்கை, தோள் கவசமும். விண்ட்சீட்டரை மட்டும் டீ-சர்ட்டின் மேல் மாட்டிக்கொண்டு பாதுகாப்பாக இருப்பதாக நினைப்பவர்களைப் பார்த்தால் எரிச்சல் வருகிறது.

விண்ட்சீட்டரிலேயே இரண்டு சாதி உண்டு. பூச்சு பூசியது காற்றை முழுக்கத் தடுக்கும், தூறலையும் தாங்கும், கொஞ்சம் வேகவும் வைக்கும். பூச்சு இல்லாமல் நெருக்கமாக நெய்த நைலான் காற்றை இம்மியளவு விடும், வியர்வையையும் விடும். டிசம்பர், ஜனவரிக்கு இரண்டாவதைத்தான் சொல்வேன். கடையில் சோதிப்பது எளிது: துணியை வாயோடு அழுத்தி ஊதிப் பாருங்கள். மறுபக்கம் வைத்த கையில் தாராளமாகக் காற்று பட்டால் அது பெயருக்குத்தான் விண்ட்சீட்டர்.

நடுவே சவ்வு வைத்த மென்துணி ஜாக்கெட்டான சாஃப்ட்ஷெல் தனி ரகம். 1969இல் அமெரிக்கரான பாப் கோர் டெஃப்லானை இழுத்து விரித்துக் கண்டறிந்த நுண்துளைச் சவ்வின் வழிவந்தவை இதில் பேர்போனவை: காற்றை நிறுத்தும், நீராவியை விடும். அருமையான துணிதான், விலையும் அப்படியே. தாண்டிக்குடி, வால்பாறை, மூணாறு என்று வாராவாரம் மலை ஏறுகிறவருக்குப் பயன்படும். ஆண்டுக்கு ஒன்றிரண்டு முறை போகிறவர், மிச்சமாகும் காசில் நல்ல கையுறை வாங்கலாம். ஆக்ஸிலேட்டரைப் பிடிக்கும் விரல் விறைத்தால் பிரேக்கும் தாமதமாகும்.

விடியலில் பூப்பாறை, சாந்தம்பாறைப் பக்கம் வேலைக்கு ஸ்கூட்டரில் போகிறவருக்குக் கவச ஜாக்கெட் ஆடம்பரமாகத் தோன்றலாம். அவருக்கு மெல்லிய ஸ்வெட்டர், அதன் மேல் பூச்சு விண்ட்சீட்டர், கழுத்தில் மப்ளருக்குப் பதில் இழுத்து மாட்டும் குழாய்த் துணி போதும். மப்ளரின் தொங்கும் நுனி வண்டியில் ஆபத்து.

வாங்கும்போது ரைடிங் ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு கடைக்குப் போங்கள். அதன் மேல் மாட்டி, வெளியே நிற்கும் உங்கள் வண்டியில் ஏறி, ஹேண்டிலைப் பிடித்துக் குனியுங்கள். முதுகு மேலே ஏறி இடுப்பு தெரிந்தால் அது வேண்டாம். மணிக்கட்டில் எலாஸ்டிக்கோ ஒட்டுப்பட்டையோ இருக்க வேண்டும், ஜிப்புக்குப் பின்னால் துணி மடிப்பு இருக்க வேண்டும், தலைமூடி இருந்தால் கழற்ற வர வேண்டும். இல்லையேல் வழி முழுக்க ஹெல்மெட்டுக்குப் பின்னால் அடித்துக்கொண்டே வரும். துவைக்கும்போது துணி மென்மையூட்டி ஊற்ற வேண்டாம், நீர் ஒட்டாத பூச்சு அதில் கெட்டுவிடும்.